ஆர்ஓல தண்ணி நூலா வருதா? மெம்ப்ரேன் வாங்குறதுக்கு முன்னாடி இதப் பாருங்க

"சார், மெம்ப்ரேன் போச்சு." ஆர்ஓ சர்வீஸுக்கு வர்ற தம்பிங்க பாதிப் பேர் மிஷின் கவரக் கழட்டுறதுக்கு முன்னாடியே இதச் சொல்லிடுறாங்க. சில சமயம் உண்மையாவும் இருக்கும், இல்லன்னு சொல்லல. ஆனா வீட்டு மிஷின்ல தண்ணி கம்மியா வர்றதுக்கு, உப்பப் பிரிக்கற சவ்வான மெம்ப்ரேனுக்கு முன்னாடி ரெண்டு மூணு காரணம் இருக்கு, பின்னாடி ரெண்டு மூணு காரணம் இருக்கு, அதெல்லாம் சில நூறு ரூபாய்ல முடியற சமாச்சாரம், மெம்ப்ரேன்னா ஆயிரக்கணக்குல போகும்.

எங்களுக்கு சென்னை மேடவாக்கம் பக்கம், போர் தண்ணிதான், டிடிஎஸ் (தண்ணில கரஞ்சிருக்கற உப்பு, பத்து லட்சத்துல எத்தன பங்குன்னு பிபிஎம்ல சொல்லுவாங்க) 1200ஐ ஒட்டி ஆடும். குடிக்க, சமைக்க எல்லாம் ஆர்ஓ. கொஞ்ச நாளா 8 லிட்டர் டேங்க் நிரம்பவே ஒன்றரை மணி நேரம் ஆக ஆரம்பிச்சுது, காலைல ரெண்டாவது குக்கர் வைக்கறதுக்குள்ள அம்மா "டேய் தண்ணி தீந்துருச்சுடா"ன்னு குரல் குடுப்பாங்க, திரும்பவும் கேன் போடச் சொல்லி ஃபோன் பண்ற நெலம.

எவ்ளோ வரணும்னு தெரிஞ்சாதானே கொறையுதா இல்லையான்னு சொல்ல முடியும். மெம்ப்ரேன் மேல 75 ஜிபிடின்னு போட்டிருக்கும், அதாவது ஒரு நாளைக்கு 75 கேலன், அமெரிக்க கேலன். நம்ம கணக்குல 284 லிட்டர், நிமிஷத்துக்கு சுமாரா 197 மில்லி. ஆனா இது கம்பெனிக்காரன் டெஸ்ட் பண்ற நெலமைல வர்ற அளவு: 50 இல்லன்னா 60 பிஎஸ்ஐ பிரஷர், 25 டிகிரி சூடு, உப்பு ரொம்பக் கம்மியான தண்ணி. நம்ம போர் தண்ணி அப்படியா இருக்கு. தண்ணில உப்பு இருந்தா அதுக்குன்னு ஒரு எதிர் அழுத்தம் உண்டு, தோராயமா 100 பிபிஎம்முக்கு 1 பிஎஸ்ஐ, அப்போ 1200 டிடிஎஸ்னா 12 பிஎஸ்ஐ அங்கேயே போச்சு, மெம்ப்ரேனுக்குள்ள போகப் போக தண்ணி இன்னும் உப்பாகறதால நெஜத்துல அதுக்கும் மேலயே போகும். பம்ப் 70 பிஎஸ்ஐ குடுத்தா இதெல்லாம் கழிச்சு மிச்சம் இருக்கறதுதான் தண்ணியத் தள்ளுது. நெம்மேலில கடல் தண்ணிய குடிதண்ணி ஆக்குறாங்களே, அந்த மாதிரி பிளாண்ட்ல பம்ப் 800 பிஎஸ்ஐ 900 பிஎஸ்ஐன்னு அடிக்கறது இதனாலதான்.

ஆக ஆர்ஓல தண்ணி கம்மின்னா பெரும்பாலும் பிரஷர் எங்கேயோ தொலையுதுன்னு அர்த்தம். எங்க தொலையுதுன்னு கண்டுபிடிக்க மில்லி கோடு போட்ட ஒரு டம்ளரும் ஃபோன்ல ஸ்டாப்வாட்சும் போதும்.

டேங்குக்குள்ள விழற நல்ல தண்ணி ட்யூப வெளிய எடுத்து ஒரு நிமிஷம் புடிங்க. அப்புறம் வேஸ்ட் தண்ணி ட்யூப ஒரு நிமிஷம் புடிங்க. இந்த ரெண்டு நம்பரும்தான் விஷயமே. வேஸ்ட் ட்யூப்ல எஃப்ஆர்னு ஒரு சின்ன பிளாஸ்டிக் குப்பி இருக்கும், ஃப்ளோ ரெஸ்ட்ரிக்டர், அது மேல 300, 350, 450ன்னு நிமிஷத்துக்கு எத்தன மில்லி விடும்னு எழுதியிருக்கும். உள்ள பிரஷர் நிக்கறதே அது கழுத்தப் புடிச்சு வெச்சிருக்கறதாலதான். நல்ல தண்ணி கம்மி, வேஸ்ட் சரியா வருதுன்னா மெம்ப்ரேன் மேலயோ அதுக்குப் பின்னாடி இருக்கற ஃபில்டர் மேலயோ சந்தேகப்படலாம். நல்ல தண்ணி கம்மி, வேஸ்ட் கொட்டுதுன்னா எஃப்ஆர் போச்சு, பிரஷர் பூரா சிங்க்ல போகுது. ரெண்டுமே கம்மின்னா மொதல்ல மெம்ப்ரேன் பக்கம் போகாதீங்க, தண்ணியே உள்ள சரியா வரல, இல்லன்னா பம்ப்புக்குத் தெம்பு இல்ல.

எங்க வீட்ல நல்ல தண்ணி 85 மில்லி, வேஸ்ட் 260 மில்லி. எஃப்ஆர் மேல 450ன்னு இருக்கு. ரெண்டுமே கம்மி. சர்வீஸ் தம்பி கிட்ட இதச் சொன்னேன், "சார், அதெல்லாம் கணக்கு பாத்தா ஆவாது சார், மெம்ப்ரேன் போட்டா ஜம்முனு வரும்"னாரு. பாவம், அவருக்கும் டார்கெட் இருக்கும்.

வெளிய இருக்கற, மண்ணு தூசி புடிக்கற ஸ்பன் ஃபில்டர நாங்க அப்பப்ப மாத்திடுவோம், அதனால அதுல பெருசா ஒண்ணும் இல்ல. ஆனா மிஷின் உள்ள பம்ப்புக்கு முன்னாடி செடிமெண்ட்னு வெள்ளையா ஒரு உருளை படுத்திருக்கும், அத யாரும் கண்டுக்கறதே இல்ல. ட்யூப் மாட்டியிருக்கற எல்போ ஜாயிண்ட்ல இருக்கற சின்ன வளையத்த நகத்தால அமுக்கிட்டு ட்யூப இழுத்தா கழண்டு வந்துரும், அப்படி அந்த உருளைய மட்டும் ஒரு நிமிஷம் பைபாஸ் பண்ணிப் பாத்தா வேஸ்ட் சட்டுனு ஏறுச்சு. பழசத் தலகீழாக் கவுத்தா செம்மண் கலர்ல கொழகொழன்னு வழியுது. புதுசு போட்டாச்சு. இதுல ஒண்ணு கவனிக்கணும், மாடிக்கு மேல இருக்கற டேங்க்ல இருந்து பத்தடி கீழ மிஷின் இருந்தா பம்ப்புக்கு வந்து சேர்ற பிரஷர் வெறும் 4 பிஎஸ்ஐ சொச்சம்தான். அந்தக் கொஞ்சத்தையும் அழுக்கு ஃபில்டர் தின்னுட்டா பம்ப் காத்தத்தான் இழுக்கும், கடகடன்னு சத்தம் வேற.

அப்பவும் முழுசா வரல. அடுத்து அடாப்டர். பம்ப் 24 வோல்ட்ல ஓடறது. கரண்ட் இருக்கு, பச்ச லைட் எரியுது, பம்ப்பும் ஓடுது, அதனால அடாப்டர் மேல யாருக்கும் சந்தேகமே வராது. பம்ப் ஓடும்போதே மல்டிமீட்டர வெச்சுப் பாக்கணும், சும்மா இருக்கும்போது பாத்தா நல்ல புள்ளையா 24 காட்டும். எங்களோடது லோடுல 19.5 காட்டுச்சு. வோல்ட்டேஜ் கொறஞ்சா மோட்டார் மெதுவா சுத்தும், பிரஷர் ஏறாது, அவ்வளவுதான். ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் கடைல ஐநூறு ரூபாய்க்குள்ள புதுசு கெடைச்சுது, ஆம்பியர் மட்டும் பழசுல எழுதியிருக்கறதுக்குக் கொறையாம பாத்து வாங்குங்க. அத மாத்தினதும் நல்ல தண்ணி 150 தாண்டிடுச்சு, அதுவும் அதே பழைய மெம்ப்ரேன்ல. அடாப்டர் சரியா இருந்தும் பிரஷர் இல்லன்னா பம்ப் தலைக்குள்ள தண்ணிய அமுக்கித் தள்ளற டயாஃப்ரம் தேஞ்சிருக்கும், பம்ப் ஹெட் மட்டும் தனியா கெடைக்கும், முழு பம்ப் வாங்க வேணாம்.

மெம்ப்ரேனுக்குப் பின்னாடி இருக்கறதையும் இதே மாதிரிதான் பாக்கணும். ஹவுசிங்ல, அதாவது மெம்ப்ரேன் இருக்கற கூட்டுல, இருந்து நல்ல தண்ணி வெளிய வர்ற ட்யூப அங்கேயே கழட்டிப் புடிங்க. டேங்க்ல விழறத விட அங்க கூட வந்தா போஸ்ட் கார்பன் ஃபில்டரோ யூஎஃப் ஃபில்டரோ அடச்சுக்கிட்டு நிக்குது. யூஎஃப் இருக்கே, அது மெல்லிசா நூல் நூலா குழாய்ங்க அடுக்கினது, வருஷக்கணக்கா மாத்தாம வெச்சிருந்தா நல்லா மூச்சு முட்டிடும்.

கடைசியாதான் மெம்ப்ரேன். ஹவுசிங்கத் தொறந்து இடுக்கியால புடிச்சு பலமா இழுத்தா வரும். எங்களோடது ஓரத்துல வெள்ளையாப் பொருக்குத் தட்டியிருந்துச்சு, எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்) கரச்ச தண்ணி ஒரு சொட்டு விட்டா நுரைச்சுக்கிட்டு பொங்குது. பொங்குச்சுன்னா சுண்ணாம்பு, கழுவினா போகும். ஒரு லிட்டர் ஆர்ஓ தண்ணிக்கு 20 கிராம் எலுமிச்சை உப்பு, மளிகைக் கடைலயே கெடைக்கும், அதுல ஒரு மணி நேரம் ஊற வெச்சு, திரும்ப மாட்டி, ஒரு மணி நேரத்துக்கு வர்ற தண்ணி பூராவையும் கீழ விட்டுருங்க, குடிச்சுடாதீங்க. பாத்ரூம் ஆசிட், ப்ளீச்சிங் பவுடர் பக்கமெல்லாம் கையவே வைக்காதீங்க, க்ளோரின் பட்டா மெம்ப்ரேன் சவ்வு அரிச்சுப் போயிரும், மெம்ப்ரேனுக்கு முன்னாடி கார்பன் ஃபில்டர் வெச்சிருக்கறதே க்ளோரினத் தடுக்கத்தான். கழுவினப்புறம் எங்களுக்கு 190 கிட்ட வந்துச்சு, டேங்க் முக்கால் மணி நேரத்துல ரொம்புது. டிடிஎஸ் 70.

அந்த டிடிஎஸ்ஸ சொன்னதுக்குக் காரணம் இருக்கு. தண்ணி வேகமா வர வைக்கறதுக்கு ஒரு குறுக்கு வழி இருக்கு, நெறைய வீட்ல அதான் நடக்குது. டிடிஎஸ் கன்ட்ரோலர்னு ஒரு சின்ன திருகு இருக்கும், மினரலுக்குன்னு சொல்லுவாங்க, அதத் தொறந்தா ஃபில்டர் தண்ணி மெம்ப்ரேனுக்குள்ள போகாமயே நல்ல தண்ணியோட கலக்கும். எங்க சித்தி வீட்ல ஒருத்தர் வந்து "சர்வீஸ்" பண்ணிட்டுப் போனப்புறம் தண்ணி பிச்சுக்கிட்டு வருது, சித்திக்கு ஒரே சந்தோஷம், மீட்டர விட்டுப் பாத்தா 480. "சித்தி, பாதி போர் தண்ணியத்தான் குடிச்சுக்கிட்டு இருக்கீங்க"ன்னதும் "அதான் டீ ஒரு மாதிரி இருக்கா"ன்னாங்க. இந்திய தர அளவுல 500 வரைக்கும் சரிதான், ஆனா எதுக்கு காசு குடுத்தோம்ங்கறது வேற. அதே மாதிரி தானாவே தண்ணியும் கூடி டிடிஎஸ்ஸும் கூடினா மெம்ப்ரேன் கிழிஞ்சிருக்கும், இல்ல ஓ-ரிங்னு இருக்கற ரப்பர் வளையம் சரியா உக்காரல. மீட்டர் இருநூறு ரூபாய்தான், ஒண்ணு வாங்கி வெச்சுக்கோங்க.

வெயில் காலத்துல தண்ணி தானாவே கொஞ்சம் கூடும், ஒரு டிகிரிக்கு சுமாரா 3 சதவீதம். மே மாசம் கறுப்பு டேங்க்ல கொதிக்கற தண்ணிக்கு மிஷின் நல்லா ஓடற மாதிரி தெரியும், கூடவே டிடிஎஸ்ஸும் லேசா ஏறும். ஊட்டி, கொடைக்கானல்ல இருக்கறவங்க இதத் தலகீழாப் படிச்சுக்கோங்க, குளுருக்கு உங்க மிஷின் பாதிதான் குடுக்கும், அதுக்கு ரிப்பேர் கெடையாது.

இதுக்கும் மேல வேணும்னா ரெண்டு வழி சொல்லுவாங்க. ஒண்ணு, 450 எஃப்ஆர எடுத்துட்டு 300 போடறது. பிரஷர் ஏறும், நல்ல தண்ணி கூடும், வேஸ்ட் கொறையும், கேக்க நல்லாத்தான் இருக்கு. 2019ல பசுமைத் தீர்ப்பாயம் கூட 60 சதவீதத்துக்கு மேல தண்ணிய மீட்கணும், 500 டிடிஎஸ்ஸுக்குக் கீழ உள்ள ஊர்ல ஆர்ஓவே வேணாம்னு சொல்லுச்சு, நியாயம்தான். ஆனா கடினத் தண்ணில அது அவ்வளவு சுலபம் இல்ல. நாலுல ஒரு பங்கு மட்டும் எடுத்தா எங்க 1200 தண்ணி வேஸ்ட்ல 1600 ஆகுது, பாதி எடுத்தா 2300 தாண்டும், அந்தச் சுண்ணாம்பு எல்லாம் மெம்ப்ரேன் மேலதான் வந்து உக்காரும், சீக்கிரமே புது மெம்ப்ரேன் செலவு. ரெண்டாவது வழி, மொத மெம்ப்ரேனோட வேஸ்ட்ட இன்னொரு மெம்ப்ரேனுக்குள்ள விட்டு, எஃப்ஆர ரெண்டாவதுக்குப் பின்னாடி போட்டு, ரெண்டு நல்ல தண்ணியையும் ஒரு டீ ஜாயிண்ட்ல சேக்கறது. பெரிய பம்ப்பும் போட்டா கிட்டத்தட்ட டபுள் வரும். உப்பு கம்மியான மெட்ரோ வாட்டர் குழாய்ல வர்ற வீடா இருந்தா யோசிக்காம பண்ணுவேன், எங்க போர் தண்ணிக்கு நான் பண்ண மாட்டேன்.

ஒரு விஷயம் இதுல எனக்கு எப்பவும் சுவாரசியமா இருக்கும். உப்ப நிறுத்தற சவ்வு 1950கள்லயே இருந்துச்சு, ஆனா தண்ணி சொட்டு சொட்டாதான் வரும், எதுக்கும் உதவாது. 1960 வாக்குல கலிபோர்னியா யுனிவர்சிட்டில சிட்னி லோபும் சௌரிராஜனும் சேர்ந்து, மேல மட்டும் மெல்லிசாத் தோல் இருந்து கீழ ஓட்ட ஓட்டையா இருக்கற சவ்வு செஞ்சப்புறம்தான் தண்ணி பல மடங்கு கூடி இது வீட்டுக்கு வர்ற சாமான் ஆச்சு. அவங்களும் அன்னிக்கு மண்டைய ஒடச்சுக்கிட்டது தண்ணி கம்மியா வருதேன்னுதான்.

வேஸ்ட் தண்ணிய நாங்க பக்கெட்ல புடிச்சு பாத்ரூமுக்கும் வீடு தொடைக்கவும் வெச்சுக்கறோம். செடிக்கு ஊத்தறதில்ல, 1600 டிடிஎஸ்ஸுக்கு கறிவேப்பிலை நுனி கருகிடும். பாத்திரம் கழுவினாலும் காஞ்சப்புறம் எவர்சில்வர்ல வெள்ளத் திட்டு விழும், அப்புறம் அம்மா கிட்ட நீங்கதான் பதில் சொல்லணும். உங்க மிஷின்ல ரெண்டு ட்யூபையும் அளந்து பாத்துட்டு, நல்ல தண்ணி, வேஸ்ட், எஃப்ஆர் நம்பர், டிடிஎஸ் நாலையும் கீழ கமெண்ட்ல போடுங்க, எந்தப் பக்கம் கோளாறுன்னு என்னால முடிஞ்ச வரைக்கும் சொல்றேன்.