பாலாற்றில் ஒரு படகு

மே 6, 2024, திங்கள்

அடுத்த திங்கள் எங்கள் சர்ச்சில் விபிஎஸ், பிள்ளைகளுக்கான விடுமுறை வேதாகமப் பள்ளி, ஆரம்பம். மேடைக்குப் பின்னால் கட்டும் திரையை இந்த வருடம் என் மகனிடம் கொடுத்திருக்கிறார்கள். இயேசு படகில் உட்கார்ந்து போதிக்கும் காட்சி. பத்தடிக்கு ஆறடி காடாத் துணி. மொட்டை மாடியில் வெயில் சாய்ந்த பிறகுதான் பிரஷ்ஷைத் தொடுகிறான்.

மே 8, புதன்

முடித்துவிட்டான். படகு மணலில் நிற்கிறது! பின்னால் வறண்ட பாலாறு, பாலம், மலை. காலிக் குடங்களோடு பெண்கள் உட்கார்ந்து கேட்கிறார்கள். "நம்ம ஊருக்கு வந்தா இங்கதானேம்மா உக்காந்து பேசுவாரு?" எனக்குத் தொண்டை அடைத்தது. 2021 நவம்பர் வெள்ளத்தை விட்டால் அவன் பார்த்த பாலாறு பெரும்பாலும் மணல்தான்.

சாயங்காலம் கமிட்டி ஐயா ஒருவர் வந்தார். "கடல் எங்கம்மா? பிள்ளைங்க குழம்பிடுமே." அவர் போனதும், "கொஞ்சம் நீலம் அடிச்சிடுடா கண்ணு" என்றேன். பேசாமல் அடித்தான். குடங்களெல்லாம் தண்ணீருக்குள் போய்விட்டன.

மே 10, வெள்ளி

பத்தாவது ரிசல்ட். 431. போன் ஓயவில்லை, எல்லோரும் பயாலஜி குரூப் என்கிறார்கள். வேலூரில் கிறிஸ்தவப் பிள்ளைக்கு ஆஸ்பத்திரிதான் ஊழியம் என்று நாங்களே முடிவுகட்டி வைத்திருக்கிறோம். நானும் நர்ஸ்தான், அந்த ஊழியத்தின் அருமை தெரியும். ஆனால் வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரியைத் தொடங்கின ஐடா ஸ்கடர் அம்மையாரே மிஷனரி ஆகும் எண்ணம் இல்லாமல் இருந்தவர்தானே? பிரசவத்துக்கு உதவி கேட்டு ஒரே ராத்திரியில் மூன்று பேர் வந்தார்கள். அந்த ராத்திரிதான் அவர் மனதை மாற்றியது. டாக்டரான அப்பா கட்டாயப்படுத்தி அல்ல.

ரெண்டு நாளாக அவன் வரையும் நோட்டையே தொடவில்லை.

மே 11, சனி, இரவு

பைபிளில் யாத்திராகமம் 31. பொன், வெள்ளி, வெண்கலம், கல், மரம் என்று எல்லா வேலைக்கும் பெசலெயேல் என்ற கைவினைஞனைத் தேவ ஆவியினால் நிரப்பினதாகக் கர்த்தரே சொல்கிறார். அங்கிருந்து 1 இராஜாக்கள் 7க்குப் போனேன். சாலொமோனின் ஆலயத்துக்குப் பதினெட்டு முழ உயரத்தில் இரண்டு வெண்கலத் தூண்களை வார்த்த ஈராம், ஒரு கைம்பெண்ணின் மகன். அந்தச் சொல்லில் கண் நின்றுவிட்டது. இவன் அப்பா போய் ஆறு வருடமாகிறது. ஈராமின் தாயைப் பற்றி, அவள் கோத்திரத்தைத் தவிர, வேதத்தில் வேறு அதிகம் இல்லை. பிள்ளையை உலைக்களத்துக்கு அனுப்பாதே என்று அவளிடமும் எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள்!

மே 12, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் கமிட்டி ஐயாவிடம் நானே போய்ப் பேசினேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "சரிம்மா, பையன் இஷ்டப்படியே இருக்கட்டும்" என்றார்.

மதியம் மகனிடம், "நீ வரைஞ்சதுதான் சரி. நான்தான் பயந்துட்டேன், மன்னிச்சிடுடா" என்றேன். பிளஸ் டூ முடித்தபின் சென்னை கவின் கலைக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கலாம், 1850லேயே தொடங்கினது, நான்கு வருடப் படிப்பு என்று விசாரித்து வைத்திருந்ததையும் சொன்னேன். அதற்குப் பதில் இல்லை. எழுந்து போய்த் துணியை விரித்தான். "நீலத்து மேல மணல் வரணும்னா ரெண்டு கோட்டிங் ஆகும்மா. குடமும் மறுபடி போடணும்."

சமையலறையிலிருந்து பிளாஸ்டிக் குடத்தைக் கொண்டுபோய் எதிரில் வைத்தேன். "அப்படி இல்லம்மா, நீ இடுப்புல வச்சிக்கினு உக்காரு" என்றான். இருட்டும்வரை உட்கார்ந்திருந்தேன்.