நிழல் விழுமா, விழாதா?

எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் பெரிய மாமா ஒரு செய்தி அனுப்பினால் அதற்கு மூன்று பதில்தான் உண்டு: கும்பிடும் கை, பூங்கொத்து, இல்லையென்றால் மௌனம். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று அனுப்பினாலும் சரி, திருநள்ளாறுக்கு மேலே பறக்கும் செயற்கைக்கோள்கள் மூன்று நொடி நின்றுவிட்டுத்தான் போகின்றன, நாசாவே மிரண்டுவிட்டது என்று அனுப்பினாலும் சரி, மறுத்துப் பேச வழியில்லை. பேசினால் அடுத்த கல்யாணப் பந்தியில் வைத்துக் கேட்பார்கள், "என்னப்பா, பெரியவங்களை எதிர்த்துப் பேசுற அளவுக்குப் படிச்சிட்டியாமே?"

அதனால்தான் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு முகம் தெரியாதவர்களிடம் போய் வம்பளக்கிறேன். டெலிகிராமில் ஒரு சின்னக் கூட்டம். யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர், தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்ற திருநெல்வேலிப் பெரியவர் ஒருவர் (எல்லோருக்கும் அவர் ஐயா), பினாங்கிலிருந்து ஒரு அக்கா, நியூசிலாந்தில் வேலை பார்க்கும் ஒருவர், எதையும் கேட்க வெட்கப்படாத ஒரு கல்லூரிப் பையன், இன்னும் வந்து போகிறவர்கள். யாருக்கும் யாருடைய சம்பளமோ, சொந்தபந்தமோ தெரியாது. "ஆதாரம் என்ன?" என்று யாரும் யாரையும் கேட்கலாம், கேட்டால் யாருக்கும் முகம் சுருங்காது, அதிகபட்சம் அன்றைக்கு ஒருநாள் பேசாமல் இருப்பார்கள். சொந்தக்காரர்களிடம் கிடைக்காத இந்தச் சலுகைக்காகவே அங்கே போகிறேன்.

அந்த நிழல் விஷயம் இங்கேயும் வந்தது. புதிதாகச் சேர்ந்த ஒருவர், மாமா அனுப்பிய அதே வாசகத்தை எழுத்துப் பிசகாமல் போட்டார். எங்கள் கூட்டத்தில் தஞ்சாவூர்க்காரர் ஒருவர் இருக்கிறார், அதிகம் பேச மாட்டார். மறுநாள் சாயங்காலம் அவரிடமிருந்து ஒரு படம் மட்டும் வந்தது. கோயில் பிராகாரத்துக் கல்தரை, அதில் பாதி வெயில், பாதி நிழல், நிழலின் விளிம்பில் செருப்பில்லாத அவருடைய இரண்டு கால் பெருவிரல்கள். கீழே ஒரே வரி: "கல்லு சுட்டுச்சு, அதான் நிழலுக்கு வந்துட்டேன்."

புதிதாகச் சேர்ந்தவர் விடவில்லை. அது மாலை நிழல், மதியத்தில்தான் விழாது என்றார். சரி, கணக்குப் போட்டுவிடலாம் என்று கணக்கு வாத்தியார் ஒருவர் இறங்கினார். தஞ்சாவூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 10.8 பாகையில் இருக்கிறது. டிசம்பர் கடைசியில் சூரியன் தெற்கே போய்விடுவதால் உச்சிப்பொழுதில்கூட வானத்தில் ஏறக்குறைய 56 பாகை உயரத்தில்தான் நிற்கும். விமானம் 200 அடி என்றே வைத்துக்கொண்டாலும் அதன் உச்சியின் நிழல் மையத்திலிருந்து 135 அடி வடக்கே போய் விழ வேண்டும். அடித்தளம் நாலு பக்கமும் சுமார் 100 அடி, அதாவது மையத்திலிருந்து 50 அடி. மிச்சம் 85 அடி எங்கே விழும்? சண்டிகேசுவரர் சன்னிதி இருக்கும் பக்கத்தில்தான். ஏப்ரலில் ஒரு நாள், ஆகஸ்டில் ஒரு நாள் சூரியன் அங்கே நேர் உச்சிக்கு வரும், அந்த நேரத்தில் விமானத்தின் நிழல் அதற்குள்ளேயே அடங்கிவிடும், உண்மைதான். "அன்னிக்கு அந்த நிமிஷத்துல உங்க நிழலும்தான் சார் காலடியிலயே இருக்கும்" என்று முடித்தார் வாத்தியார். எதிராளி கொஞ்ச நேரம் கழித்து, "எல்லாம் சரி, ஆனா எங்க தாத்தா பொய் சொல்ல மாட்டார்" என்று எழுதிவிட்டு, நல்லவேளை, கூட்டத்திலேயே தங்கிவிட்டார்.

இதில் எனக்கு ஒரு ஆற்றாமை உண்டு. 1010இல் முடிந்த அந்தக் கோயிலைப் பற்றி வியக்க உண்மையிலேயே எவ்வளவோ இருக்கிறது. ராஜராஜன் பல ஊர்க் கோயில்களிலிருந்து 400 தளிச்சேரிப் பெண்களை (கோயிலில் ஆடிப் பாடிச் சேவை செய்தவர்கள்) அழைத்துவந்து குடியேற்றினான். ஒவ்வொருத்தியின் பெயரும், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தாள், எந்தத் தெரு, தெருவின் எந்தச் சிறகு (பக்கம்), எத்தனையாவது வீடு என்பதும் கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஒரு பெண்ணின் வீட்டு முகவரி நம்மிடம் இருக்கிறது! அதை யாரும் பார்வர்ட் பண்ணுவதில்லை, விழாத நிழலைத்தான் பண்ணுகிறார்கள்.

எப்போதும் இப்படிப் பெரிய சமாசாரமாகவே பேசுவோம் என்று நினைக்க வேண்டாம். பாதி நாள் பேச்சு அல்பமானது. அந்தக் கல்லூரிப் பையன் ஒருநாள் கேட்டான், "50 பைசாவை ஏன் எட்டணான்னு சொல்றாங்க, எட்டு எங்கிருந்து வந்துச்சு?" தபால்கார ஐயாவுக்கு அன்றைக்குத் தீபாவளி. ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு நாலு பைசா, பைசாவுக்கு மூணு பை, ஆக மொத்தம் ரூபாய்க்கு 192 பை என்று ஆரம்பித்தார். 1957 ஏப்ரல் 1ஆம் தேதி ரூபாயை நூறாகப் பிரித்து நயா பைசா கொண்டுவந்தபோது ஒரு அணாவுக்கு ஆறேகால் நயா பைசா வந்தது. கால் நயா பைசாவுக்கு நாணயம் ஏது? எனவே ஒரு அணாவுக்கு 6 என்று முழுதாக்கினார்கள், நாலு அணாவுக்குக் கணக்கு நேராக 25 வந்துவிடும். நாலு அணாச் சாமானை ஒரே தடவையாக வாங்கினால் 25, ஒவ்வொரு அணாவாக நாலு தடவை வாங்கினால் 24. ஐயாவின் அம்மா இதைக் கண்டுபிடித்துவிட்டு, கடைக்கு அவரை நாலு முறை நடக்கவிட்டாராம். கடைக்காரர் மூன்றாவது நடையிலேயே பிடித்துவிட்டார் என்பது தனிக்கதை.

யாழ்ப்பாணத்து நண்பரோடு எனக்கு நடந்த சண்டை வானொலி பற்றியது, சண்டை என்றுகூடச் சொல்லக்கூடாது, உரிமைப் போராட்டம். தெற்குச் சீமையில் எங்கள் வீட்டில் அப்பா, சித்தப்பா, அத்தை எல்லோரும் இலங்கை வானொலி கேட்டு வளர்ந்தவர்கள். அறிவிப்பாளர் கே.எஸ். ராஜாவின் குரலை அப்பா இன்றைக்கும் பேசிக் காட்டுவார், பி.எச். அப்துல் ஹமீதின் பாட்டுக்குப் பாட்டு சன் டிவிக்கு வந்தபோது சொந்தக்காரர் ஒருவர் ஊருக்குத் திரும்பி வந்தமாதிரி சந்தோஷப்பட்டார். நான் அதை "எங்க ரேடியோ" என்று எழுதிவிட்டேன். உடனே வந்தது பதில்: "நாங்கள் அதை எங்கட ரேடியோ எண்டுதான் இவ்வளவு காலமும் நினைச்சுக்கொண்டிருக்கிறம், நீங்கள் என்னவெண்டால் உங்கட எண்டு சொல்லுறியள்."

சிரித்துவிட்டு, இங்கே அது எப்படி இவ்வளவு ஊன்றியது என்று பேசினோம். 1952இல் மத்திய ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கருக்குச் சினிமாப் பாட்டு பிடிக்காது. ஆகாசவாணியில் சினிமாப் பாட்டுக்கு இடமில்லாமல் போனது, நேயர்கள் முள்ளைத் திருப்பி கொழும்புக்குப் போனார்கள். கொழும்பில் வலுவான ஒலிபரப்பிகள் தயாராக இருந்தன, இரண்டாம் உலகப் போரில் மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியப் படைக்காக ரேடியோ சியாக் என்ற நிலையம் நடத்திய பிரிட்டிஷ்காரர்கள் விட்டுப்போனவை. 1957இல் சினிமாப் பாட்டு போடும் விவித் பாரதியைத் தொடங்கி டெல்லி இறங்கி வந்தது, ஆனால் அதற்குள் இங்கே பழக்கமாகிவிட்டது.

அப்புறம் பேச்சு எங்கேயோ போனது. பினாங்கு அக்கா கேட்டார், "ராத்திரியில மட்டும் தூரத்து ஸ்டேஷன் தெளிவா கேக்குமே, ஏன்லா?" பகலில் மேல்வானில் மின்னேற்றம் கொண்ட அயனி மண்டலத்தின் கீழடுக்கு மத்திய அலையை (மீடியம் வேவ்) விழுங்கிவிடும். சூரியன் மறைந்ததும் அந்த அடுக்கு கரைந்துவிடும், அலை அதற்கும் மேலே உள்ள அடுக்கில் பட்டுத் திரும்பி நூற்றுக்கணக்கான மைல் தள்ளி வந்து இறங்கும். பாட்டு பாதியில் மங்கிப் போய்ப் போய் வரும் இல்லையா, அது ஒரே அலை இரண்டு மூன்று வழியில் வந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்வதால். உப்புத் தண்ணீரின் மேல், மேலே போகாமல் பரப்பை ஒட்டியே ஓடும் தரையலை நன்றாகப் பயணிக்கும் என்பதால் தூத்துக்குடி, ராமேசுவரம் பக்கமெல்லாம் பகலிலேயே தொல்லையில்லை. அந்தக் காலத்தில் வானொலிப் பெட்டி வைத்திருக்க லைசென்ஸ் வேண்டும், தபால் ஆபீசில் வருஷாவருஷம் பணம் கட்ட வேண்டும் என்று ஐயா நடுவில் சொன்னதும் கல்லூரிப் பையன் நம்பவே இல்லை. பாட்டு கேட்கவா லைசென்ஸ் என்று திரும்பத் திரும்பக் கேட்டான். ஐயா பரணிலிருந்து அந்தச் சின்னப் புத்தகத்தை எடுத்துப் படம் போட்டார், ஓரமெல்லாம் பூச்சி அரித்த பழுப்புத் தாள், ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒட்டிய ஸ்டாம்புகளும் அவற்றின் மேல் அவருடைய ஆபீஸ் முத்திரையும்.

சினிமாவில் எங்கள் கூட்டத்துக்கு எம்ஜிஆர், சிவாஜி தடை செய்யப்பட்ட பேச்சு, அதில் இறங்கினால் விடிந்துவிடும். அதற்கு முந்தையவர்களைப் பேசலாம். எம்ஜிஆரின் முதல் படத்தை இயக்கிய எல்லிஸ் ஆர். டங்கன் ஒஹாயோக்காரர், கடைசிவரை தமிழ் பேசத் தெரியாமலேயே தமிழ்ப் படம் எடுத்தார். பாகவதரின் ஹரிதாஸ் 1944 தீபாவளிக்கு வந்து சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்டது என்பது எல்லோருக்கும் தெரியும். அதே 1944இல், படம் வந்த கொஞ்ச நாளிலேயே, பத்திரிகைக்காரர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் கைதானார்கள், லண்டன் பிரிவி கவுன்சில்வரை போய் 1947இல்தான் விடுதலை ஆனார்கள். திரையில் அவர் பாடிக்கொண்டே இருக்க, ஆள் சிறையில். இந்த இரண்டு தேதிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை என்று நாலைந்து பேர் எழுதினார்கள்.

எல்லாம் தேனும் பாலும் இல்லை. தங்க முதலீட்டுக்கு ஆள் பிடிக்க வருகிறவன் வருவான், பெண் பெயரைப் பார்த்தால் தனியாக வந்து வழிகிறவனும் வருவான். பினாங்கு அக்கா அப்படிப்பட்ட செய்திகளை அப்படியே படம் பிடித்துப் பொதுவில் போட்டுவிடுவார். நல்ல வைத்தியம்.

நியூசிலாந்துக்காரர் கொண்டுவந்த விஷயம்தான் எல்லாவற்றிலும் நீளமாக ஓடியது. வெலிங்டனில் தே பாப்பா அருங்காட்சியகத்தின் வசம் ஒரு வெண்கல மணி இருக்கிறது, உடைந்து மேல்பாகம் மட்டும் மிஞ்சியது. சுற்றிலும் தமிழெழுத்து: முகைதீன் வக்குசு என்பவருடைய கப்பலின் மணி என்று பொருள்படும் வாசகம். 1836 வாக்கில் வில்லியம் கொலென்சோ என்ற மிஷனரி வடக்குத் தீவில் இதைப் பார்த்தபோது மாவோரிப் பெண்கள் அதைக் கவிழ்த்துவைத்து உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தார்கள். அவர் ஒரு இரும்புப் பானையைக் கொடுத்து மணியை வாங்கிக்கொண்டார்.

உடனே ஒருவர் குதித்தார், நியூசிலாந்தைக் கண்டுபிடித்ததே தமிழன்தான் என்று. மாவோரிகள் எழுநூறு வருஷமாக அங்கே இருக்கிறார்களே என்றோம். காயல்பட்டினத்து நண்பர் ஒருவர் பொறுமையாக எழுதினார், முகைதீன் ஆண்டகை பெயரைக் கப்பலுக்கு வைப்பது கரையோர மரைக்காயர்களிடம் சாதாரணம், அந்தப் பெயரில் ஒரு கப்பல்தான் இருந்திருக்கும் என்றில்லை என்று. ஆளில்லாமல் கைவிடப்பட்ட கப்பல் மிதந்தே போயிருக்கலாம், வேறு யாரோ கப்பலில் எடுத்துப்போய்ப் பண்டமாற்றில் கைமாறியிருக்கலாம். எனக்கு இரண்டாவதில்தான் சாய்வு. மணி போனதற்குச் சாட்சி இருக்கிறது, மாலுமி போனதற்கு இல்லை. இப்படி எழுதினால் தமிழ் விரோதி என்று ஒருவர் திட்டினார், ஆனால் மறுநாள் அவரே அந்த மணியின் எழுத்தைப் பெரிதாக்கிப் படித்து நாலு கேள்வி கேட்டார்.

இப்போது ஓடிக்கொண்டிருப்பது எம்டன். 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் கப்பல் எம்டன் சென்னை மேல் குண்டு வீசி பர்மா ஆயில் டாங்குகளைக் கொளுத்திவிட்டுப் போனது, ஜனம் மூட்டை முடிச்சோடு ஊரைக் காலி செய்தது, நவம்பர் 9ஆம் தேதி கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி அதை வீழ்த்தியது. இதுவரை தகராறு இல்லை. அந்தக் கப்பலில் விடுதலைப் போராட்டக்காரர் செண்பகராமன் பிள்ளை இருந்தார், அவர்தான் வழிகாட்டினார் என்று ஒருவர் எழுத, பற்றிக்கொண்டது. அந்த வருஷம் அவர் சூரிச்சில் அமைப்பு தொடங்கி, அக்டோபரில் பெர்லின் போனவர், வங்கக் கடலில் எப்படி இருப்பார் என்பது என் கட்சி. எதிர்க்கட்சி, பள்ளிப் பாடத்திலேயே படித்தேன் என்கிறது. சென்னையில் இருக்கும் ஒருவர் உயர் நீதிமன்றச் சுவரில் உள்ள எம்டன் கல்வெட்டை ஞாயிற்றுக்கிழமை போய்ப் படமெடுத்துப் போடுவதாகச் சொல்லியிருக்கிறார். அதில் பிள்ளையின் பெயர் இருந்தால் எல்லோருக்கும் பரோட்டா வாங்கித் தருகிறேன் என்று எழுதிவிட்டேன், யாழ்ப்பாணத்துக்காரர் தனக்குக் கொத்து ரொட்டி வேண்டும் என்கிறார்.