11 விநாடி

வியாழக்கிழமை காலையில் எங்கள் ஆபீஸில் யாரும் சத்தமாகப் பேச மாட்டார்கள். ரேட்டிங் வரும் நாள். சாலிகிராமம் அருணாச்சலம் ரோட்டில் இரண்டாவது மாடி, ‘எடிட் சூட்’ என்கிற எடிட்டிங் அறை நாலு, வாசலில் ஒரு செருப்பு ஸ்டாண்டு. ஷோ டைரக்டர் செருப்பைக் கழற்றும் விதத்திலேயே விஷயம் தெரிந்துவிடும். ஜெயித்திருந்தால் இரண்டும் ஸ்டாண்டில் ஜோடியாக இருக்கும். தோற்றிருந்தால் ஒன்று படிக்கட்டில், இன்னொன்று கதவுக்கு உள்ளே.

2017லிருந்து 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து ஷூட்டிங் எல்லாம் நிற்கும்வரை அங்கே எடிட்டராக இருந்தேன். சின்னப் பிள்ளைகள் பாடும் போட்டி. எந்த சேனல் என்று சொல்லப்போவதில்லை. எதிர் சேனலின் பெயரையும் சொல்ல மாட்டேன். நாங்களே அதைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘அந்தப் பக்கம்’ என்போம், ஆற்றுக்கு அக்கரை மாதிரி. அவர்களும் எங்களை அப்படித்தான் சொன்னார்களாம்.

இந்த ரேட்டிங் எப்படி வருகிறது என்று வெளியே இருப்பவர்கள் அடிக்கடி கேட்பார்கள். சேனலின் ஒலியோடு காதுக்குக் கேட்காத ஒரு குறியீடு கலந்திருக்கும். தேர்ந்தெடுத்த வீடுகளில், ரேட்டிங் கணக்கெடுக்கும் ‘பார்க்’ (BARC) அமைப்பு வைத்திருக்கும் மீட்டர் அதைப் பிடித்துக்கொள்ளும். 2020 வாக்கில் நாடு முழுக்க சுமார் 44,000 வீடுகள். வீட்டில் ஆளுக்கொரு பட்டன் உண்டு. பாட்டி தன் பட்டனை அமுக்க மறந்தால் பாட்டி பார்க்கவே இல்லை என்று கணக்கு. எந்தெந்த வீடு என்பது ரகசியம். மூன்று வருஷம் அந்த வீட்டுக்காரர்களுக்காகவே கண் விழித்தேன், ஒருவரைக்கூடப் பார்த்ததில்லை. சனியில் தொடங்கி வெள்ளியில் முடியும் வாரத்தின் கணக்கு, அதற்கடுத்த வியாழன்தான் கைக்கு வரும். அதாவது ஞாயிறு ராத்திரி ஓடிய எபிசோடின் தலையெழுத்து 11 நாள் கழித்துத் தெரியும். அதற்குள் அடுத்த வார எபிசோடுகளும் போய்ச் சேர்ந்திருக்கும்.

திங்கள் முதல் வெள்ளி வரை சண்டை சீரியல்களுக்கு. சனி, ஞாயிறுதான் எங்கள் களம். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது சன் டிவியில் ஏ.வி. ரமணன் நடத்திய ‘சப்தஸ்வரங்கள்’ பார்ப்போம். வந்தார்கள், பாடினார்கள், போனார்கள். அழுததாக எனக்கு ஞாபகமே இல்லை. 2006இல் விஜய் டிவியில் ‘சூப்பர் சிங்கர்’, 2007இல் கலைஞர் தொலைக்காட்சி வந்ததும் ‘மானாட மயிலாட’, இந்தியில் 1995இலேயே தொடங்கிய ‘சரிகம’வின் தமிழ் வாரிசு ஜீ தமிழில் என்று வரிசையாக வந்தன. ஆளாளுக்கு ஒரு மேடை, ஆளாளுக்கு மூன்று நடுவர்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பாட்டு எல்லா மேடையிலும் ஒன்றுதான். நல்ல குரல் உள்ள பிள்ளை எந்த மேடைக்கு வந்தாலும் அதே இளையராஜாவைத்தான் பாடும். ஒரே ஞாயிற்றுக்கிழமை இங்கேயும் அங்கேயும் ஒரே பாட்டு ஓடிய கதையெல்லாம் உண்டு. பாட்டில் வித்தியாசம் காட்ட முடியாது என்றால் பாட்டுக்கு முன்னாலும் பின்னாலும்தான் காட்ட வேண்டும். அப்பாவின் ஆட்டோ, அம்மாவின் தையல் மெஷின், ஊரில் ஒழுகும் வீடு. சண்டை மேடையிலிருந்து நகர்ந்து நகர்ந்து என் மேஜைக்கு வந்து சேர்ந்தது இப்படித்தான்.

மேஜையில் எங்கள் முதல் எதிரி பிரேக். ஒரு மணி நேரத்துக்கு 12 நிமிஷம் விளம்பரம் போடலாம், 10 வெளி விளம்பரம், 2 சேனலின் சொந்த விளம்பரம் என்று சட்டம். அந்த 12ஐ எங்கே வைப்பது என்பதில்தான் வித்தை. பிரேக் வந்ததும் ஜனங்கள் ரிமோட்டை எடுப்பார்கள். அந்தப் பக்கம் எத்தனை மணிக்கு பிரேக் போகிறார்கள் என்று நாலு வாரம் உட்கார்ந்து எழுதி வைத்தோம். அவர்கள் பெரும்பாலும் 8.14க்குப் போனார்கள். உடனே எங்கள் ரன்டவுன், அதாவது எது எப்போது என்கிற வரிசை, மாறியது. 8.13க்கு வாரத்தின் சிறந்த பாட்டு எங்கள் மேடையில் தொடங்கியிருக்க வேண்டும். ஓடி வருகிறவன் பல்லவியில் வந்து மாட்டுவான். ஒரு மாதத்தில் அவர்கள் பிரேக்கை 8.11க்கு மாற்றிவிட்டார்கள். அங்கேயும் ஒருத்தி பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்திருக்க வேண்டும்.

இவ்வளவு பகையிலும் ஆட்கள் என்னவோ ஒரே ஆட்கள். ஜிம்மி ஜிப் என்கிற கிரேன் கேமராவின் ஆபரேட்டர் செவ்வாய் எங்களுக்கு, வியாழன் அவர்களுக்கு. மேக்கப் அக்காக்களும் அப்படித்தான். ஜிப் ஆபரேட்டர் வந்ததும் வராததுமாக எங்கள் டைரக்டர் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து ஓரமாகக் கூட்டிப்போவார். “அங்க போன வாரம் எட்டு பேர் அழுதாங்க சார்.” எங்களிடம் அந்த வாரம் அஞ்சுதான்.

ஆடியன்ஸும் அதே. பூந்தமல்லி தாண்டி ஒரு ஸ்டுடியோ. எம்.ஜி.ஆர். நகர், கண்ணகி நகர், வியாசர்பாடியிலிருந்து ஏஜென்ட் பஸ்ஸில் ஆட்களைக் கொண்டுவந்து இறக்குவார். சாப்பாடு போட்டு 350 ரூபாய். ஒரே நாளில் சனி எபிசோடு, ஞாயிறு எபிசோடு இரண்டையும் எடுப்பதால் ஆளுக்கு இரண்டு புடவை கொண்டுவரச் சொல்வார்கள். மதியத்துக்குமேல் புடவையை மாற்றி, உட்கார்ந்த இடத்தை மாற்றி உட்கார்ந்தால் அடுத்த நாள் ஆகிவிடும். வெள்ளை கூடாது, பொடிக் கோடு போட்டது கூடாது, கேமராவில் கோடு அலையும்.

பிள்ளைகள் மேடைக்கு வருவதற்கு முன்பே, காலையில் முதல் வேலையாக, ரியாக்‌ஷன் எடுத்துவிடுவார்கள். ஃப்ளோர் மேனேஜர் மைக்கில் சொல்லுவார்: “எல்லாரும் சிரிங்க… கைதட்டுங்க… எந்திரிச்சு தட்டுங்க… இப்ப ஆச்சரியம்… இப்ப கண்ணு கலங்குற மாதிரி.” எதிரே காலி மேடை. இருபது நிமிஷத்தில் முடிந்துவிடும். அந்த வாரம் முழுக்க எந்தப் பாட்டுக்கு எந்த உணர்ச்சி வேண்டுமோ அதை நான் அதிலிருந்து எடுத்துப் போட்டுக்கொள்வேன்.

அந்தக் கூட்டத்தில் ஒரு அம்மா இருந்தார். ஐம்பது வயதிருக்கும், மூக்கில் இரண்டு பக்கமும் குத்தியிருப்பார். எடிட் சூட்டில் அவருக்குப் பெயர் பேசரி அக்கா. ‘கண்ணு கலங்குற மாதிரி’ என்று சொன்னதும் மற்றவர்கள் முந்தானையைத் தேடுவார்கள். பேசரி அக்கா ஒன்றும் செய்ய மாட்டார். வலது உள்ளங்கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு அந்தக் காலி மேடையைப் பார்ப்பார், அவ்வளவுதான். சொந்தப் பிள்ளையை வெளியூருக்கு பஸ் ஏற்றிவிட்டு நிற்கிற மாதிரி இருக்கும். அந்த ஷாட்டை எத்தனை பாட்டுக்குப் போட்டிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. கம்ப்யூட்டரில் ‘பேசரி சோகம்’ என்று தனி ஃபோல்டரே இருந்தது.

ஒருநாள் ராத்திரி ஃபுட்டேஜ் கார்டுகளை வாங்க ஸ்டுடியோவுக்குப் போனவள், பஸ்ஸுக்குக் காத்திருந்த அவரிடம் பேச்சுக் கொடுத்தேன். பசங்க நல்லா பாடினாங்களா என்று கேட்டேன். “பாட்டு எங்கம்மா காதுல ஏறுது? ஏசில காலு ரெண்டும் மரத்துப் போவுது. எட்டு மணிக்கு ஏத்திக்கினு வந்தான், இன்னும் வுடல.” அப்புறம் என்ன நினைத்தாரோ, குரலைத் தாழ்த்திக்கொண்டு, “அந்தாண்ட சோறு பரவால்லம்மா, முட்டை வெக்கறாங்க” என்றார். நான்கூட ‘அந்தப் பக்கம்’ என்று சொல்லிக்கொண்டிருந்தது அவருக்கு வெறும் ‘அந்தாண்ட’.

இப்போது அந்தப் பையன் விஷயத்துக்கு வருகிறேன். ஒன்பது வயது, மதுரைப் பக்கம். நல்ல குரல், எப்போதும் பசி. பிள்ளைகளை வைத்து நிகழ்ச்சி எடுக்க 2017இலிருந்து விதி இருக்கிறது. ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் கூடாது, மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓய்வில்லாமல் கூடாது. பேப்பரில் எல்லாம் சரியாக இருக்கும். காத்திருப்பதை எங்கள் ஆட்கள் வேலை நேரத்தில் சேர்ப்பதில்லை. காலையில் மேக்கப் போட்ட பையன் மேடை ஏறும்போது ராத்திரி 10.40. இரண்டாவது சரணத்தில் ஒரு வரி மறந்துவிட்டது. கீபோர்டு வாசித்தவர் அடுத்த வரியின் சுரத்தைத் தொட்டுக் காட்டினார், பையன் சட்டென்று பிடித்துக்கொண்டான். ஃபுட்டேஜில் அளந்து பார்த்தேன், முழுசாக 2 விநாடி இல்லை. அரங்கத்தில் பாதிப் பேருக்குத் தெரிந்திருக்காது.

டைரக்டர் என் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். “இங்க நிறுத்து. இழும்மா.”

இழுத்தேன். பையனின் க்ளோசப்பை மெதுவாக்கினேன். நடுவர் பேனாவைக் கீழே வைக்கும் ஷாட், அது வேறொரு பாட்டில் எடுத்தது. பையனின் அம்மா தலை குனிந்திருக்கும் ஷாட், மணி என்ன ஆகிறது என்று அவர் செல்போனில் பார்த்தபோது எடுத்தது. செல்போன் தெரியாமல் ஃப்ரேமை வெட்டினேன். பிறகு பேசரி அக்கா, கன்னத்தில் கை. மியூசிக்கை எடுத்துவிட்டு நெஞ்சு துடிக்கும் சத்தம் போட்டேன். “இன்னும் கொஞ்சம்” என்றார். மறுபடி பையனின் கண். 11 விநாடி ஆனது. அங்கேயே பிரேக்.

ப்ரோமோவிலும் அதுதான், ‘தொடர்வானா, தடுமாறுவானா’ என்று எழுத்துப் போட்டு. அந்த ஞாயிறு அந்தப் பக்கம் புதுப் படம் போட்டிருந்தார்கள், இந்தியத் தொலைக்காட்சிகளில் முதல் முறையாக, திரைக்கு வந்து சில மாதங்களே ஆன என்று. நியாயமாக நாங்கள் அடிவாங்கியிருக்க வேண்டும். 11 நாள் கழித்து நிமிஷவாரிக் கணக்கு வந்தபோது அந்த இடத்தில் கோடு மேலே ஏறியிருந்தது, பிரேக்கிலும் இறங்கவில்லை. செருப்பு ஸ்டாண்டில் ஜோடியாக இருந்தது. எல்லாருக்கும் சமோசா.

அதே வாரம் பையனும் அவன் அப்பாவும் எடிட் சூட்டுக்கு வந்தார்கள். ஊரில் சொந்தக்காரர்களுக்குக் காட்ட அந்தப் பாட்டு ஒரு காப்பி வேண்டும் என்று பென் டிரைவ் கொண்டுவந்திருந்தார். பையன் என் மானிட்டரை ஒட்டி நின்று டைம்லைனைப் பார்த்தான்.

“இது என்னக்கா கலர் கலரா?”

“கேமராடா. ஒவ்வொரு கேமராவுக்கும் ஒரு கலரு.”

கொஞ்ச நேரம் சும்மா நின்றான். பிறகு கேட்டான்: “அக்கா, நான் அம்புட்டு நேரமா நின்னேன்? டக்குனு புடிச்சிட்டேன்ல? ஸ்கூல்ல எல்லாரும் சிலை, சிலைனு கூப்புடுறாங்க.”

அவன் அப்பா என்னைப் பார்க்கவில்லை, மானிட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். “டிவில அப்படித்தான்டா தெரியும்” என்றேன். “சரிக்கா” என்றான். ஒன்பது வயதுப் பிள்ளைகள் பெரியவர்கள் சொன்னதை நம்பாதபோதுகூடச் சரி என்றுதான் சொல்கிறார்கள்.

பென் டிரைவில் டெலிகாஸ்ட் ஆனதைப் போடாமல், வெட்டாத ஃபுட்டேஜை முழுதாகப் போட்டுக் கொடுத்தேன். அது வெளியே போகக் கூடாது, தெரிந்திருந்தால் வேலை போயிருக்கும். இதைச் சொல்லி என்னை நல்லவளாகக் காட்டிக்கொள்ள வழியில்லை. ஊர் பார்த்தது மற்றதைத்தான்.

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிறு. வளசரவாக்கத்தில் வீடு. அம்மா முறத்தில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். நான் அந்தப் பக்கத்தைப் போட்டிருந்தேன், பிரேக் நேரம் எழுதுவதற்காக. ஒரு பெண் குழந்தை பாடிக்கொண்டிருந்தது. நடுவில் நின்றது. மியூசிக் நின்றது. நெஞ்சுத் துடிப்பு. என்னை அறியாமல் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். நடுவர். அம்மா. குழந்தையின் விரல்கள். பிறகு வேறொரு புடவையில், வேறொரு வெளிச்சத்தில், இரண்டு பக்கமும் மூக்குத்தி மின்ன, கன்னத்தில் கை வைத்துக்கொண்டு பேசரி அக்கா. என் அம்மா பூண்டை விட்டுவிட்டு, “ஐயோ, பாவம் அந்தப் பொண்ணு” என்றாள்.

மறுநாள் டைரக்டர் வந்ததும் வராததுமாக என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

“பாத்தியாம்மா நேத்து? எவ்ளோ?”

“14 சார்.”

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கேட்டார்: “இந்த ஷெட்யூல்ல யாராச்சும் வரி மறந்தாங்களா?”