அதுல என்ன தங்கமா?

பாண்டியன் எக்ஸ்பிரஸ் கொடைரோடு தாண்டியிருக்கும். எதிர் சீட்டில் இருந்த அம்மா வெகுநேரமாக என் காலடியையே பார்த்துக்கொண்டிருந்தார். லோயர் பெர்த்துக்குக் கீழே ஒரு இரும்பு வளையம் இருக்கும். அதில் சங்கிலியைக் கோத்து, கேமரா பையின் கைப்பிடி வழியாக இழுத்து, பூட்டுப் போட்டு, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். பூட்டை இழுத்துப் பார்த்தேன். மறுபடியும் பார்த்தேன். மூன்றாம் முறை குனிந்தபோது அவர் கேட்டேவிட்டார்.

"ஏன் தம்பி, அதுல என்ன தங்கமா?"

"இல்லம்மா, கேமரா" என்றேன். சொன்ன உடனேயே நாக்கைக் கடித்துக்கொண்டேன். துணிமணி என்று சொல்லியிருக்கலாம். பெட்டியில் எட்டுப் பேர் கேட்டிருப்பார்கள்.

உண்மையில் அவர் கேட்டது சரிதான். அது 2017. என் மனைவியின் 4 பவுன் சங்கிலியை வங்கியில் அடகு வைத்து 60 ஆயிரம் வாங்கி, கையில் இருந்ததையும் போட்டு, 70-200 லென்ஸ் ஒன்றை செகண்ட் ஹேண்டில் எடுத்திருந்தேன். கல்யாண வேலையில் இருப்பவர்களுக்கு அந்த லென்ஸின் அருமை தெரியும். மேடையைச் சுற்றி முந்நூறு பேர் நின்றாலும், பின்னால் நாற்காலி மேல் ஏறி நின்று, தாலி முடிச்சு விழும்போது பெண்ணின் அம்மா கண்ணில் நிற்கும் நீர் வரைக்கும் எடுத்துவிடலாம். ஒன்றரைக் கிலோ கனம். அதைத் தூக்கும்போதெல்லாம் எனக்கு லென்ஸ் நினைவு வராது, அவளுடைய வெறுங்கழுத்துதான் நினைவுக்கு வரும்.

அன்று இரவு பாத்ரூம் போகவேண்டியிருந்தது. பையைப் பார்ப்பதும் கதவைப் பார்ப்பதுமாக இருந்தேன். "போயிட்டு வாப்பா, நான் முழிச்சுத்தான் இருக்கேன்" என்றார் அந்த அம்மா. போய்விட்டு அவசரமாகத் திரும்பி வந்தேன். பூட்டுப் போட்ட பையின் மேல் தன் இரண்டு கால்களையும் நீட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கேமரா பை மேல் யாராவது கால் வைத்தால் எனக்குக் கோபம் வரும். அன்றைக்கு வரவில்லை.

கல்யாணப் போட்டோ எடுக்க வந்து பதினான்கு வருஷம் ஆகிறது. வெளிச்சம், ஃபிரேம், எடிட்டிங் பற்றியெல்லாம் கேட்க ஆள் உண்டு. இந்தப் பயத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை. வேலையில் பாதி இதுதான். கேமரா மேல் கம்பெனி பெயர் பளிச்சென்று தெரியாமல் கறுப்பு டேப் ஒட்டியிருப்பேன். கேமரா பை என்று பார்த்தவுடன் தெரிகிற பையை வெளியூருக்கு எடுத்துப்போவதில்லை. ஃபோம் வைத்துத் தைத்த பழைய காலேஜ் பை ஒன்று, ஃபிளாஷும் சார்ஜரும் போட ஜவுளிக்கடைக் கட்டைப்பை ஒன்று. கட்டைப்பையை எவனும் திரும்பிப் பார்க்கமாட்டான். ஒரு மண்டபத்தில் அதை மொய் எழுதுகிறவர் தேங்காய்ப் பை என்று நினைத்துத் தாம்பூலப் பை மூட்டையோடு சேர்த்துவிட்டார், அது வேறு கதை.

இந்த வேலையில் நான் கண்டது ஒன்று உண்டு. கையில் இருக்கும் கேமரா தொலைவதில்லை. சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் விடியற்காலையில், வைகைக்குள் லட்சக்கணக்கான பேர் நடுவே நின்றிருக்கிறேன். தோல்பையில் தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள் ஒரு பக்கம், தள்ளுமுள்ளு ஒரு பக்கம். கழுத்தில் ஒரு கேமரா, தோளில் ஒரு கேமரா. "போட்டோக்காரருக்கு வழி விடுங்கப்பா" என்று யாரோ முதுகைப் பிடித்து முன்னே தள்ளிவிட்டார்கள். ஒரு லென்ஸ் மூடி தவிர இத்தனை வருஷத்தில் அங்கே நான் எதையும் விட்டதில்லை, அதுவும் நானே தவறவிட்டது. பொருள் போவதெல்லாம் நாம் ஓய்கிற நேரத்தில்தான். டீக்கடை, பேருந்துத் தூக்கம், பந்தி.

பேருந்தில் இரும்பு வளையம் கிடையாது. 2018-ல் திருச்சிப் பக்கம் ஒரு காலை முகூர்த்தம். முந்தின நாள் மதுரையில் ரிசப்ஷன் முடித்து, நள்ளிரவு பஸ் ஏறினேன். கேமராக்கள் இருந்த பை மடியில். லென்ஸ் பை பெரிதாக இருந்ததால் தலைக்கு மேலே கம்பித் தட்டில். நடுவழியில் ஒரு மோட்டலில் பதினைந்து நிமிஷம் நிறுத்தினார்கள். மடிப்பையை மாட்டிக்கொண்டு இறங்கினேன், ஒரு டீ குடித்தேன், ஏறினேன். மேலே பை அதே இடத்தில், அதே சாய்வில் இருந்தது. தூங்கிவிட்டேன்.

மண்டபத்தில் போய் ஜிப்பைத் திறந்தால், லென்ஸ் உறைக்குள் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில். புதுசு, மூடி உடைக்காதது. குளிர்ந்த பாட்டில் போல, உறை உள்ளே ஈரமாக இருந்தது. ஒரு லிட்டர் என்றால் ஒரு கிலோ, லென்ஸ் ஒன்றரைக் கிலோ. அந்த அரைக் கிலோ வித்தியாசம் தூக்கக் கலக்கத்தில் என் தோளுக்குத் தெரியவில்லை. எடுத்தவன் அந்த மோட்டலிலேயே பாட்டில் வாங்கியிருக்க வேண்டும். 20 ரூபாய் முதலீடு.

நாதஸ்வரம் ஆரம்பித்துவிட்டார்கள். அழ நேரமில்லை. 50 எம்எம் லென்ஸை மாட்டிக்கொண்டு மேடைக்குள்ளேயே புகுந்து, ஐயர் முழங்கைக்குக் கீழே உட்கார்ந்து எடுத்தேன். அந்த ஆல்பத்தைப் பார்த்த பெண் வீட்டார், "எவ்வளவு கிட்ட இருந்து எடுத்திருக்கீங்க!" என்று பாராட்டினார்கள்.

அப்புறம் போலீஸ் நிலையம். முதல் கேள்வி: "எந்த இடத்துல காணாமப் போச்சு?" மதுரைக்கும் திருச்சிக்கும் நடுவில் எத்தனை ஸ்டேஷன் எல்லை. நான் எதைச் சொல்ல? அங்கே போங்கள் என்று இவர்கள், இங்கே வந்திருக்கவே வேண்டாம் என்று அவர்கள். இப்போது சட்டத்தில் இடம் தெளிவாக இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவுப்படி, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். ஜீரோ எஃப்ஐஆர் என்பது அதைத்தான். அன்றைக்கு எனக்குக் கிடைத்தது, புகாரை வாங்கிக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீது ஒன்று மட்டும்.

இரண்டாவது கேள்வி: "பில் இருக்கா?" செகண்ட் ஹேண்டுக்கு ஏது பில். சீரியல் நம்பர்? அதையும் எழுதி வைத்திருக்கவில்லை. விற்றவருக்கு ஃபோன் போட்டேன். நல்ல வேளையாக அவர் அட்டைப்பெட்டியைத் தூக்கிப் போடாமல் பரணில் வைத்திருந்தார், படம் எடுத்து அனுப்பினார். இப்போது என் பொருள்களின் நம்பர் எல்லாம் ஒரு நோட்டில் இருக்கிறது. ஒவ்வொரு கேமராவிலும் எடுத்த ஒரிஜினல் ஃபைல் ஒன்றையும் மெயிலில் போட்டு வைத்திருக்கிறேன். பல கேமராக்கள் படத்துக்குள்ளேயே தங்கள் சீரியல் நம்பரைப் பதிந்துவிடும் என்பதை இந்தக் கூத்துக்குப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். இன்சூரன்ஸும் போட்டிருக்கிறேன். பூட்டாத வண்டியில் வைத்துத் தொலைத்தால் பைசா கிடையாது என்று என் பாலிசியில் ஒரு வரி இருக்கிறது. போட்டவுடன் அதைத்தான் முதலில் படித்தேன்.

லென்ஸ் வரவில்லை. அடகு மட்டும் அப்படியே இருந்தது. வருஷம் திரும்பியபோது வட்டியைக் கட்டி மறுபடி வைத்தேன். இல்லாத லென்ஸுக்கு வட்டி.

அதற்குப் பிறகு நான் ஆளே மாறிப்போனேன். மதுரை மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் ஒரு விடிகாலை, பின்னால் ஒருவர், "அண்ணே, காசு கீழ விழுந்திருக்கு பாருங்க" என்றார். பத்து ரூபாய் நோட்டைக் கீழே போட்டுவிட்டு இப்படிக் கூப்பிட்டு, குனிகிற நேரத்தில் பையைத் தூக்குகிற பழைய வித்தை அது. எனக்கா தெரியாது? திரும்பாமல், பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வேகமாக நடந்தேன். "அண்ணே, அண்ணே" என்று அவர் கூப்பிட்டது கேட்டுக்கொண்டே இருந்தது. டிக்கெட் எடுக்கும்போது பார்த்தால் சட்டைப் பையில் வைத்திருந்த 500 ரூபாயைக் காணோம்.

இதைச் சொல்லி நண்பர்களைச் சிரிக்க வைத்திருக்கிறேன். அடுத்ததை அவ்வளவாகச் சொன்னதில்லை.

ஒரு மண்டபம், மதியச் சாப்பாடு. போட்டோக்காரர்களுக்குக் கடைசிப் பந்திதான். கை கழுவப் போகும்போது பையை நாற்காலியில் வைத்தேன். மெமரி கார்டுகள் அதில்தான் இருந்தன. கேமரா போனால் கடன் வாங்கி இன்னொன்று வாங்கலாம். தாலி கட்டுவது ஒரு தடவைதான், "சார், கார்டு போயிடுச்சு, இன்னொரு தடவை கட்டுங்க" என்று கேட்க முடியுமா? திரும்பி வந்தபோது நாற்காலி காலி. பக்கத்தில் பதினாறு பதினேழு வயதுப் பையன் ஒருவன், பந்தி பரிமாற வந்தவன், பக்கெட்டோடு வேகமாக வெளியே போய்க்கொண்டிருந்தான்.

ஓடிப்போய் மணிக்கட்டைப் பிடித்தேன். "பை எங்கடா?"

"எந்தப் பைண்ணே?"

"நாற்காலில இருந்த பை."

"தெரியாதுண்ணே. நான் இலை எடுக்கத்தான் வந்தேன்."

நான் விடவில்லை. கூட்டம் கூடியது. யாரோ அவன் பக்கெட்டைப் பிடுங்கிக் கவிழ்த்தார்கள். எச்சில் இலைகள், முருங்கைக்காய்ச் சக்கை, தரையெல்லாம் பாயசம். அவன் கையில் சாம்பார் பிசுக்கு, அது என் விரலிலும் ஒட்டியது. அவன் அழவில்லை. என் முகத்தைப் பார்க்கவுமில்லை. பிடித்திருந்த கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஐந்து நிமிஷத்தில் பெண்ணின் தாய்மாமன் சாவிக்கொத்தோடு வந்தார். "தம்பி, உங்க பையா? அனாதையாக் கெடந்துச்சு, காலம் கெட்டுக் கெடக்குல்ல, அதான் சாமான் ரூம்ல வச்சுப் பூட்டிட்டேன்."

கூட்டம் கலைந்தது. பையன் கீழே உட்கார்ந்து இலைகளை அள்ளினான். நானும் குனிந்தேன். "நீங்க விடுங்கண்ணே" என்றான். மன்னிச்சுக்கப்பா என்றேன். 200 ரூபாயை நீட்டினேன், அதுதான் நான் செய்ததிலேயே மட்டமான காரியம். வாங்கவில்லை. சாப்பிடாமல் கிளம்பிவிட்டேன். மேஸ்திரி அந்தப் பையனுக்கு அன்றைக்குக் கூலி கொடுத்தாரா என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

என் லென்ஸை எடுத்தவன் எப்படி இருப்பான் என்று எனக்குத் தெரியாது. நல்ல சட்டை போட்டு, என் பக்கத்து சீட்டிலேயே உட்கார்ந்து வந்திருக்கலாம். ஆனால் சந்தேகம் வந்தவுடன் என் கை போனது அழுக்குப் பனியன் போட்ட பையன் மேல்தான். அந்தப் பதினைந்து நிமிஷ நிறுத்தத்தில் தட்டில் பையை விட்டுப் போனது நான். அந்தக் கோபத்தை இறக்கி வைக்க ஒரு ஆள் தேவைப்பட்டிருக்கிறான்.

இப்போது இரண்டு கார்டு போடும் கேமராதான் வைத்திருக்கிறேன். முகூர்த்தம் முடிந்ததும் ஒரு கார்டு கழன்று இடுப்புப் பைக்குள் போய்விடும். அதற்குப் பிறகு யார் பையைத் தொட்டாலும் கொஞ்சம் நிதானமாகக் கேட்க முடிகிறது. வீட்டுக்கு வந்ததும் இரண்டு ஹார்ட் டிஸ்கில் ஏற்றிவிட்டுத்தான் படுக்கை.

சங்கிலியை 2020 பிப்ரவரியில் மீட்டேன். அவளையும் வங்கிக்குக் கூட்டிப்போயிருந்தேன். கவுண்டரிலேயே கழுத்தில் போட்டுக்கொண்டாள். திரும்பும்போது எனக்கு அப்படியே ஒரு நிச்சயதார்த்த வேலை இருந்ததால் கேமரா பையும் கையில் இருந்தது. டவுன் பஸ்ஸில் நல்ல கூட்டம். ஏறியவுடன் அவள் முந்தானையை இழுத்துக் கழுத்தைச் சுற்றி மூடிக்கொண்டாள், ஒரு கையால் அதை நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள்.

"என்னங்க, பை" என்றாள். பை எங்கோ யார் காலடியிலோ கிடந்தது. நான் அவள் கழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றிருந்தேன்.