பதினேழாவது குச்சி

நவம்பர் 2, சனி
தீபாவளி முடிந்து சென்னை திரும்பும் வழியில் தைக்காலில் வண்டியை நிறுத்தச் சொன்னேன். சீர்காழி தாண்டி, கொள்ளிடம் வருவதற்கு முன்னால், ரோட்டோரம் முழுக்கப் பிரம்பு ஊஞ்சலும் நாற்காலியுமாக இருக்கும் ஊர். "கூடை வேணாம்ணே, பிரம்பு மட்டும் குடுங்க" என்றதும் கடைக்காரர் ஒருமாதிரிப் பார்த்தார். அசாம், அந்தமான் பக்கமிருந்து வரும் சரக்காம். பேனா ரீஃபில் கனத்தில் ஒரு கட்டு வாங்கினேன்.

நவம்பர் 3, ஞாயிறு
பிரம்புக் கூடை முடையப் பிளாஸ்டிக் அன்னக்கூடையில் தண்ணீர். சிரிப்புதான் வந்தது. பொறுமையில்லாமல் பத்தே நிமிஷத்தில் எடுத்து வளைத்தேன், படக்கென்று ஒடிந்தது. அரைமணி ஊறியதும் நூல் மாதிரி வளைகிறது. நான்கு குச்சிகளை நடுவில் கீறி, இன்னொரு நான்கை அதில் நுழைத்துச் சிலுவையாக்கினேன். விரித்தால் பதினாறு கை. இன்னொரு நீளப் பிரம்பை ஒரு கையின் மேல், அடுத்ததன் கீழ் என்று சுற்றினேன். மூன்றாவது சுற்றில்தான் உறைத்தது: ஒவ்வொரு சுற்றும் அதே குச்சிக்கு மேலேயே போகிறது. பின்னலே விழவில்லை, சுருட்டி வைத்ததுபோல் இருந்தது.

அம்மாவின் பழைய பூக்கூடையை எடுத்துக் குச்சிகளை எண்ணினேன். பதினேழு! ஒற்றைப்படை என்றால் சுற்றுக்குச் சுற்று மேலும் கீழும் தானாக மாறும். பிரித்துவிட்டு, ஓர் அரைக் குச்சியைச் செருகி மறுபடி தொடங்கினேன்.

நவம்பர் 9, சனி
வாரம் முழுக்க ஆபீஸ். காயாமல் இருக்கட்டும் என்று ஈரத்துணியில் சுற்றி வைத்திருந்தேன், பூசணம் பிடித்துவிட்டது. இந்த மழைக்காலத்தில் செய்கிற காரியமா? தேய்த்துக் கழுவி ஃபேனுக்கு அடியில் உலர்த்தி, திரும்ப நனைத்து, குச்சிகளை மேல்நோக்கி மடக்கினேன். மதியம் வரை நன்றாகத்தான் ஏறியது. ஆர்வத்தில் இறுக்கி இழுக்க இழுக்க வாய் குறுகி, கூடை சொம்பாகிக்கொண்டிருக்கிறது. கட்டைவிரல் வேறு எரிகிறது.

நவம்பர் 10, ஞாயிறு
விளிம்பு. ஒவ்வொரு குச்சியையும் பக்கத்துக் குச்சிக்குப் பின்னால் விட்டு, அதற்கடுத்ததன் முன்னால் கொண்டுவந்து செருக வேண்டும். மூன்று குச்சிகள் எட்டவில்லை. நேற்றே கொஞ்சம் நீளமாக விட்டிருக்கலாம். துண்டுப் பிரம்பு வைத்து ஒப்பேற்றினேன். சிலும்பு நின்ற இடங்களை மெழுகுவத்திச் சுடரில் ஒருமுறை காட்டி எடுத்தேன்.

அம்மாவுக்கு வீடியோ காலில் காட்டினேன்.

"தரையில வைடி. ஆடுதா?"

ஆடியது.

"ஈரமா இருக்கறப்பவே அடியை உள்ள அமுக்கி விட்டிருக்கணும்."

அடியை மட்டும் தண்ணீரில் வைத்திருக்கிறேன். அரைமணி ஆகட்டும்.