போமலின் போத்தலுக்கு வெளியே

நம் பள்ளி விலங்கியல் ஆய்வுகூடத்தின் கண்ணாடி அலுமாரியை மறந்தவர்கள் நம்மில் இருக்க மாட்டார்கள். மேல்தட்டில், உடலை அழுகாமல் காக்கும் போமலின் திரவத்தில் வெளிறிப்போன பாம்பு, அதன் கீழே தவளையின் எலும்புக்கூடு, பெயர்ச்சீட்டு உரிந்துபோன ஒரு போத்தலுக்குள் இன்னதென்று யாருக்கும் தெரியாத ஏதோவொன்று. செய்முறை வகுப்புக்கு ஒரு சட்டம் இருந்தது: முதல் பத்து நிமிடம் பென்சிலைத் தொடக்கூடாது, பார்க்க மட்டுந்தான். பாராமல் கீறிய படத்துக்குப் புள்ளி கிடையாது. பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் மிருகக்காட்சிசாலைக்கு அழைத்துப் போகும் வயதுக்கு நம் வகுப்புகள் வந்துவிட்டன. அந்தப் பத்து நிமிடச் சட்டம் அங்கேதான் முழுப் பலனும் தரும்.

மிருகக்காட்சிசாலை உள்ளரங்குகளின் தொடக்கமும் ஏறக்குறைய நம் அலுமாரி போலத்தான். லண்டன் மிருகக்காட்சிசாலை 1849இல் ஊர்வனவற்றுக்கு ஒரு வீடு திறந்தது; 1853இல் மீன்களுக்கு. வரிசை வரிசையாகக் கண்ணாடிப் பெட்டிகள், பெட்டிக்கொரு பெயர். நெதர்லாந்தின் ஆர்னெம் நகரில் 1988இல் திறந்த பர்கர்ஸ் புஷ், அமெரிக்காவின் ஒமாஹா நகரின் லீட் ஜங்கிள் (1992), சூரிச்சின் மசோவாலா மண்டபம் (2003, ஏறக்குறைய 11,000 சதுர மீற்றர்), லைப்சிக்கின் கொண்ட்வானாலாந்து (2011, 16,500 சதுர மீற்றர்) ஆகியவை வேறு வகை. ஒரு காட்டையே கூரைக்குள் வளர்த்து, அதற்குள் நம்மை நடக்க விடுகிறார்கள். மசோவாலாவில் குரங்கின் உறவான லெமூர்களும் பச்சோந்திகளும் மரங்களில் தம்பாட்டில் திரிகின்றன. பார்க்க வந்த விலங்கு உங்கள் முதுகுக்குப் பின்னாலும் இருக்கலாம்.

இத்தகைய மண்டபத்தில் முதலில் கெடுவது கமராதான். வெளியே 5 பாகை, உள்ளே 25 பாகையும் 80 வீத ஈரப்பதனும். குளிர்ந்த கண்ணாடியில் ஈரம் பனியாகப் படிந்துவிடும். துடைத்தால் அடுத்த நிமிடமே மறுபடி படியும், கீறலும் விழும். கமராவை வெளியிலேயே பிளாஸ்ரிக் பையில் இறுகக் கட்டி, உள்ளே வந்து இருபது முப்பது நிமிடம் அப்படியே வைத்திருங்கள். பைக்கு வெளியே படியும் ஈரம் உள்ளே போகாது; அதற்குள் கண்ணாடியும் சூடேறிவிடும். லென்ஸை உள்ளே நின்று மாற்ற வேண்டாம். குளிரங்கியை வாசலிலேயே கழற்றி வைத்துவிடுங்கள். வியர்த்துக்கொண்டு யாரும் பத்து நிமிடம் அசையாமல் நிற்பதில்லை. இரட்டைக் கதவுகளில் முதற்கதவு மூடியபின்தான் அடுத்ததைத் திறக்கலாம். பறவை வெளியே போனால் குளிரில் செத்துவிடலாம்.

தேடுவதற்கும் முறை உண்டு. காற்றே வீசாத மண்டபத்தில் ஒரு கிளை மட்டும் ஆடினால் அதில் யாரோ இருக்கிறார்கள். கைப்பிடிக் கம்பியிலும் இலைகளிலும் புதிய எச்சம் தெரிந்தால் நேரே மேலே பாருங்கள். பச்சோந்தியை உச்சியில் தேட வேண்டாம். கண்மட்டத்தில், வெளிச்சம் படும் ஓரக் கிளைகளில் தேடுங்கள். உடலைவிட அதன் கண்தான் முதலில் காட்டிக்கொடுக்கும்: ஒன்று முன்னால், மற்றது பின்னால் என்று இரண்டும் தனித்தனியே சுழலும். இவ்வளவும் பாதையின் ஒரே வளைவில் நின்று செய்ய வேண்டியவை. நடந்துகொண்டே பார்ப்பவருக்கு மண்டபம் முழுக்க இலைதான்.

இரவு விலங்குகளின் வீடு தனிக்கதை. அங்கே நாளையே தலைகீழாக்கி வைத்திருக்கிறார்கள்: நாம் உறங்கும் நேரம் விளக்குகள் பிரகாசமாக எரியும், நாம் வரும் நேரம் மங்கும். ஆகவே நண்பகலிலும் விலங்குகள் விழித்திருக்கும். விழிக்காதது நம் கண்தான். மங்கிய ஒளியில் பார்க்க உதவும் விழித்திரையின் கோற்கலங்களில் உள்ள ரொடொப்சின் என்ற நிறமி வெளிச்சத்தில் சிதைந்து, இருளில் மெல்ல மெல்லத்தான் மீளும். முழுதாக மீள இருபது முப்பது நிமிடம் செல்லும். உயர்தர வகுப்பில் மனனம் செய்த அதே ரொடொப்சின்! வெயிலில் நின்று நேரே உள்ளே நுழைபவர் ஐந்து நிமிடம் இருட்டைப் பார்த்துவிட்டு "ஒன்றுமில்லை" என்று வெளியேறுவார். ஒமாஹாவில் 2002இல் திறந்த, வெளிச்சம் நிறைந்த பாலைவனக் குவிமாடத்தின் அடியில்தான் அடுத்த ஆண்டு இரவு வீட்டைத் திறந்தார்கள். கட்டிடக்கலைக்கு அழகு, கண்ணுக்குத் தண்டனை.

வழி எளிது. இரவு வீட்டுக்கு முன் மீன்காட்சியகம் போன்ற மங்கலான இடத்தில் அரைமணி நேரம் செலவிடுங்கள். கைபேசியைச் சட்டைப்பைக்குள் போட்டுவிடுங்கள். திரையை ஒருமுறை பார்த்தாலே அதுவரை காத்திருந்ததில் பெரும்பகுதி வீண். பார்க்க வேண்டியதை நேரே உற்றுப் பார்க்காமல் சற்று ஓரமாகப் பாருங்கள். விழித்திரையின் நடுக்குழியில் கோற்கலம் இல்லை என்று படித்தது நினைவிருக்கலாம்.

அப்படிக் காத்திருப்பவருக்குத்தான் அய்-அய் கிடைக்கும். மடகஸ்காரின் இந்த லெமூருக்கு அணில் போல ஓயாது வளரும் வெட்டும் பற்கள், வௌவால் போல அகன்ற காதுகள், கம்பிபோல் மெலிந்த நடுவிரல். அந்த விரலால் மரக்கட்டையைப் படபடவெனத் தட்டும். காதைக் கட்டையோடு சாய்த்துக் கேட்கும். உள்ளே குடைவு இருக்கும் இடத்தில் நிற்கும். பல்லால் கடித்துத் துளைத்து அதே விரலை விட்டுப் புழுவைக் கிண்டி எடுக்கும். பராமரிப்பாளர்கள் கட்டையில் துளையிட்டுப் புழுக்களை ஒளித்து வைப்பதும் இதற்காகத்தான். கண்ணாடிக்கு அருகே பேசாமல் நின்றால் தட்டும் ஓசைகூடக் கேட்கலாம்.

ஒகாபியை அறிவியல் உலகம் அறிந்ததே 1901இல்தான். கொங்கோக் காட்டின் இந்த வரித்தொடைக்காரர் ஒட்டகச்சிவிங்கியின் உறவு. நாக்கால் தன் காதையே நக்கிவிடுவார். சில மாதங்களில் ஒகாபி வீடு பூட்டிக் கிடந்தால் கோபிக்க வேண்டாம். கன்று முதல் வாரங்களில் பெரும்பாலும் ஒரே மறைவில் படுத்திருக்கும். மோப்பம் பிடித்துப் பகைவிலங்கு வந்துவிடாதபடி ஒரு மாதமளவில் சாணம்கூடப் போடாது. அங்கே சத்தம் ஆகாது. எந்த வீடு அன்று பூட்டியிருக்கிறது என்பது வாசல் பலகையில் இருக்கும். சீட்டு வாங்குமுன் அதைப் படிப்பவர்களோ மிகக் குறைவு.

ஊர்வன வீட்டில் முதலில் சூட்டு விளக்கின் கீழே, பிறகு எதிர்மூலையில் ஈரமான மறைவிடத்தில் பாருங்கள். இரை விழுங்கிய பாம்பானால் நாட்கணக்கில் அசையாது. மீன்தொட்டியில் தண்ணீர் ஒளியை வளைப்பதால் மீன் இருக்கும் தூரத்தில் முக்கால் பங்கில்தான் தெரியும். தடித்த அக்ரிலிக் சுவருக்குச் செங்குத்தாக, லென்ஸை ஒட்டிவைத்துப் படம் எடுங்கள். சரித்து எடுத்தால் உருவம் குழம்பும். பிளாஷ் வேண்டவே வேண்டாம்.

பெயர்ப்பலகையில் 1.2.3 என்று மூன்று எண்கள் புள்ளியிட்டு இருந்தால் அது திகதியல்ல: ஆண் ஒன்று, பெண் இரண்டு, பால் தெரியாதவை மூன்று.

எல்லாவற்றிலும் அதிகம் பேர் தாண்டிப்போகும் பெட்டியை இனிச் சொல்கிறேன். லண்டன் உட்படச் சில இடங்களில் வளரும் பார்துலா நத்தைகளின் பெட்டி அது. ஓடு ஒன்றிரண்டு சென்ரிமீற்றர்தான். பசுபிக் தீவுகளில் ஆபிரிக்கப் பெருநத்தை பயிர்களை அழித்தபோது, அதைத் தின்னட்டும் என்று இன்னொரு ஊனுண்ணி நத்தையைக் கொண்டுவந்து விட்டார்கள். அது பார்துலாவைத் தின்றது. மூரெயா தீவில் 1977இல் விட்டார்கள். பத்தே ஆண்டில் அங்கே பார்துலா ஏறக்குறைய இல்லாமலே போய்விட்டது. பிடித்து வைத்திருந்த சிலவற்றின் வழித்தோன்றல்களை 2015 முதல் திரும்பக் கொண்டுபோய் விடுகிறார்கள். போகுமுன் ஒவ்வொன்றின் ஓட்டிலும் தூரிகையால் ஒரு வண்ணப்புள்ளி வைப்பார்கள். காட்டில் புள்ளியில்லாத நத்தை ஒன்று அகப்பட்டால், அது அங்கேயே பிறந்த குஞ்சு.