அரை கிலோ பிளேட்டும் நகராத ஷோல்டர் பிரஸ்ஸும்

நின்றபடி எடையைத் தோளிலிருந்து தலைக்கு மேல் தூக்கும் ஷோல்டர் பிரஸ் 38 கிலோவுக்கு வந்துவிட்டது. விடாமல் ஐந்து தடவை, அதாவது ஐந்து ரெப்; அப்படி மூன்று செட். முட்டியை மடக்கி எம்பவில்லை, முதுகைப் பின்னால் சாய்க்கவில்லை. வருடக்கணக்கில் தூக்குபவர்களுக்கு இது ஒரு எடையாகவே தெரியாது. 175 செ.மீ. உயரமும் 53 கிலோ எடையுமாக ஜிம்மில் சேர்ந்த எனக்கு இது பெரிய சந்தோஷம். மாதக்கணக்கில் 30 கிலோவைத் தாண்டாமல் நின்ற ராடு எப்படி நகர்ந்தது என்பதை எழுதிவைத்தே ஆகவேண்டும் என்று தோன்றியது. ஒல்லியான உடம்போடு எடை தூக்க வருகிற ஒவ்வொருவரும் சீக்கிரமே இதே இடத்தில் வந்து நிற்கிறார்கள்.

எடையோடு உட்கார்ந்து எழும் ஸ்குவாட்டும் தரையிலிருந்து தூக்கும் டெட்லிஃப்ட்டும் எனக்குத் தொந்தரவு கொடுக்கவில்லை. தொடை, இடுப்பு, முதுகு எல்லாம் பெரிய தசைகள். ஐந்து ஐந்து கிலோவாக ஏற்றினாலும் தாங்கின. படுத்தபடி தூக்கும் பெஞ்ச் பிரஸ் கொஞ்சம் முரண்டு பிடித்தது, ஆனாலும் ஏறியது. தோள்பட்டைதான் சண்டித்தனம் செய்தது. அங்கே வேலை செய்வது தோளை மூடிய டெல்டாய்டும் மேல்கையின் பின்பக்க ட்ரைசெப்ஸும். ஒல்லியான ஆளுக்கு அந்த இரண்டிலும் சதை என்று சொல்லிக்கொள்ள அதிகம் இருக்காது.

இதில் பிளேட்டின், அதாவது ராடின் இரு முனையிலும் மாட்டும் இரும்பு வட்டின் கணக்கு ஒன்று இருக்கிறது. எங்கள் ஜிம்மில் இருப்பதிலேயே சின்ன பிளேட் 2.5 கிலோ. பக்கத்துக்கு ஒன்று போட்டால் 5 கிலோ ஏறிவிடும். 100 கிலோ ஸ்குவாட் செய்பவருக்கு அந்த ஐந்து கிலோ ஐந்து சதவீதம். 30 கிலோ பிரஸ் செய்கிறவனுக்கு அதுவே 16 சதவீதத்துக்கும் மேல். எப்லி கணக்கு பலருக்கும் தெரிந்திருக்கும்: ரெப் எண்ணிக்கையை 30 ஆல் வகுத்து, ஒன்றைக் கூட்டி, எடையால் பெருக்கினால் ஒரே ஒரு ரெப்புக்கான உச்ச எடை கிடைக்கும். 35 கிலோவை ஐந்து ரெப் செய்ய வேண்டுமானால் அந்த உச்சம் 40.8 கிலோ இருக்க வேண்டும். 30 கிலோவிலேயே அந்த வலுவைக் காட்டுவதென்றால் கிட்டத்தட்ட 11 ரெப் செய்தாக வேண்டும். ஐந்திலிருந்து பதினொன்றுக்கு!

ஜிம் மாஸ்டரும் அதைத்தான் சொன்னார்: "ரெப்ஸை ஏத்துங்க தம்பி, 12 வந்ததும் 35 போட்டுக்கலாம்." தப்பான யோசனை இல்லை, பல பேருக்கு அது வேலை செய்யும். எனக்கு எட்டுக்கு மேல் போனால் இடுப்பு வளைய ஆரம்பித்தது. தோள் களைத்துப்போய் முதுகு வேலை செய்யும் ரெப்பை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆக, ஒரே வழிதான் இருந்தது. ஏறும் எடையைச் சின்னதாக்க வேண்டும்.

50 மி.மீ. ராடுக்கான அரை கிலோ பிளேட்டுகள் ஆன்லைனில் கிடைக்கின்றன. விலையைப் பார்த்தால் இரும்புக்குக் கொடுக்கிற காசு மாதிரி இல்லை. கோயம்புத்தூரில் குடியிருந்துகொண்டு இரும்பு வட்டத்துக்கு அவ்வளவு பணம் கொடுக்க மனசு வரவில்லை. ஆவாரம்பாளையம், கணபதி பக்கம் போனால் தெருவுக்குத் தெரு லேத் பட்டறை. பம்ப் செட்டுக்குத் துல்லியமாகக் கடைந்து கொடுப்பவர்களுக்கு ஒரு பிளேட் என்ன பெரிய விஷயம்?

சரி, அளவு. இதில்தான் நான் அதிக நேரம் செலவழித்தேன், செலவழித்ததில் வருத்தமும் இல்லை. ஒலிம்பிக் ராடின் முனை 50 மி.மீ. என்பது பெயரளவு. எங்கள் ஜிம்மில் இருக்கும் மூன்று ராடுகளையும் வெர்னியர் வைத்து அளந்தேன். குரோம் தேய்ந்தது, தேயாதது என்று ஒவ்வொன்றும் ஒரு மாதிரி. ஆகவே ஓட்டையை 52 மி.மீ. வைத்துக்கொண்டேன். தாராளமாக உள்ளே போகும், லொடலொட என்றும் ஆடாது. இரும்பின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 7.85 கிராம். வெளி விட்டம் 104 மி.மீ., ஓட்டை 52 மி.மீ., தடிமன் 10 மி.மீ. என்று போட்டுப் பாருங்கள். 500 கிராம் வருகிறது, ஒரு கிராம்கூடப் பிசகவில்லை. இந்த எண் நோட்டில் வந்து விழுந்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை வீட்டில் யாருக்கும் புரியவைக்க முடியவில்லை. வெளி விட்டம் ஓட்டையைப்போல் சரியாக இரண்டு மடங்கு. தடிமனை 20 ஆக்கினால் ஒரு கிலோ, 5 ஆக்கினால் கால் கிலோ. ஒரே வரைபடம் போதும்.

எத்தனை வேண்டும் என்பதற்கும் கணக்கு உண்டு. ஒரு பக்கத்துக்கு ஒரு கிலோவில் ஒன்று, அரைக் கிலோவில் இரண்டு, கால் கிலோவில் ஒன்று இருந்தால் போதும். 30-க்கும் 35-க்கும் நடுவில் அரை அரைக் கிலோவாக எந்த எடையையும் வைக்கலாம். இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து எட்டு பிளேட், மொத்தம் நாலரைக் கிலோ. பையில் போட்டு எடுத்துப்போகிற பாரம்தான்.

பட்டறை அண்ணனிடம் வரைபடத்தைக் கொடுத்தேன். "ஏனுங் தம்பி, இது பம்ப் கப்ளிங்குக்குங்களா?" என்றார். ஜிம்முக்கு என்றதும் அரைக் கிலோவைத் தூக்கி என்னங்க ஆகப்போகிறது என்று கேட்டார். 30, 35 கணக்கைச் சொன்னேன். ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, "அது சரிங்க. நாங்களும் மொதல்ல தாராளமா வெட்டுவோம், கடைசில தலைமுடி அளவுக்குத்தான் எடுப்போம்" என்றார். அதற்கு மேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

110 மி.மீ. ரவுண்டு பாரில் மிச்சத்துண்டு ஒன்று அவரிடம் கிடந்தது. லேத்தின் பிடியான சக்கில் மாட்டி, முதலில் துளை போட்டு, போரிங் டூலால் 52 வரை பெரிதாக்கி, வெளிப்பக்கத்தை 104-க்கு உருட்டி, ஒவ்வொரு துண்டாக வெட்டி எடுத்தார். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். தடிமனில் 0.1 மி.மீ. கூடினால் எடை 5 கிராம் கூடும். வெளி விட்டத்தில் 0.1 மி.மீ. கூடினால் ஒன்றேகால் கிராம்தான் கூடும். அதனால் தட்டைப் பக்கத்தைச் சீவும் ஃபேசிங்கை முதலில் முடித்துவிட்டு, வெளி விட்டத்தைக் கொஞ்சம் கூடுதலாக விட்டுவைத்து, தராசில் வைத்துப் பார்த்துப் பார்த்துக் குறைக்கச் சொன்னேன். சமையலறை எலக்ட்ரானிக் தராசைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். அரைக் கிலோ பிளேட் நான்கும் 499-க்கும் 502-க்கும் நடுவில் வந்தன.

கால் கிலோதான் படுத்தியது. 5 மி.மீ. தடிமனில் வெட்டிய துண்டைச் சக்கில் இறுக்கிப் பிடித்து ஃபேசிங் எடுத்தால் அது லேசாக வளைந்துவிடுகிறது. ஒரு பக்கம் 5.2, இன்னொரு பக்கம் 4.8. கழற்றி மேஜையில் வைத்தால் ஆடுகிறது. அண்ணன் பொறுமையாக மறுபடியும் செய்து பார்த்தார், அதுவும் சரிவரவில்லை. கடைசியில் பக்கத்துத் தெருவில் லேசர் கட்டிங் செய்யும் இடத்தில் 5 மி.மீ. ஷீட்டிலிருந்தே வட்டமாக வெட்டி வாங்கினோம். லேத்தில் ஏற்றவே இல்லை, ஓரத்துப் பிசிறை மட்டும் அரத்தால் எடுத்தோம். இரண்டும் ஒரே ஷீட்டில் வெட்டியதால் எடையில் இரண்டுக்கும் ஒரு கிராம்தான் வித்தியாசம். ஜோடி ஒத்துப்போவதுதான் முக்கியம், 250 இல்லாமல் 247 ஆக இருந்தாலும் குடி முழுகாது. மெல்லிசு பிளேட் வேண்டுபவர்கள் நேராக லேசருக்கே போய்விடுங்கள்.

லேத் பக்கத்தில் இல்லாத ஊர்க்காரர்களுக்கு ஒரு யோசனை. போல்ட் நட்டு மொத்தமாக விற்கும் கடையில் 52 மி.மீ. போல்ட்டுக்கான எம் 52 வாஷர் கேளுங்கள். ஓட்டை 56 மி.மீ. அளவில் இருக்கும், எடை 300 கிராமைச் சுற்றி வரும். பார்க்க அழகாக இருக்காது. ஆனால் பக்கத்துக்கு ஒன்று மாட்டினால் 600 கிராம் ஏறுகிறதே! கணுக்காலில் கட்டும் மணல் பட்டையை ராடில் சுற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். பிரஸ்ஸில் அது ஊசலாடும், எனக்குப் பிடிக்கவில்லை.

சின்ன பிளேட் கையில் வந்ததும் அடுத்த பூதம் கிளம்பியது. ஜிம்மில் உள்ள 5 கிலோ பிளேட்டுகளை அதே தராசில் வைத்தால் ஒன்று 4.8, ஒன்று 5.15. வார்ப்பு இரும்பு, ஜிம் தரத்தில் இப்படித்தான் இருக்கும். போட்டிக்கு வைக்கும் பிளேட்டைத்தான் எடை பார்த்துச் சரிசெய்து அனுப்புகிறார்கள். பெரிய பிளேட் 300 கிராமுக்கு மேல் முன்னே பின்னே இருக்கும்போது நான் 250 கிராம் ஏற்றி என்ன பிரயோசனம்? நேற்று 31 என்று நினைத்தது இன்றைக்கு 30.5 ஆக இருக்கலாம். அதனால் எடை ஒத்துப்போகும் ஒரு ஜோடி 5 கிலோவையும் ஒரு ஜோடி 2.5 கிலோவையும் தேடிப் பிடித்து, மாஸ்டரிடம் கேட்டுவிட்டு உள்பக்கம் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு புள்ளி வைத்தேன். பிரஸ்ஸுக்கு எப்போதும் அந்த ஜோடிகள்தான், ராடும் எப்போதும் அதே ராடுதான். ராடு உண்மையில் 20 கிலோவா 19 கிலோவா என்பது இரண்டாம் பட்சம். தினமும் ஒன்றாக இருந்தால் போதும். சின்ன பிளேட் வாங்குகிறவர்கள் இந்த வேலையை விட்டுவிட்டால் வாங்கியதே வீண்.

அப்புறம் ஏறியது மளமளவென்று. 31, 32, 33 ஒவ்வொரு தடவையும் ஒரு கிலோ. 34-க்கு மேல் அரைக் கிலோவுக்கு மாறினேன். நடுவில் ஒரு காய்ச்சல், ஒரு கல்யாணப் பயணம். திரும்பி வந்து இரண்டு கிலோ இறக்கி மறுபடி ஏறினேன். 35 வந்தபோது அது 34.5-க்கு அடுத்த எடையாக மட்டுமே தெரிந்தது.

சாப்பாட்டைச் சொல்லாவிட்டால் பாதிக் கதைதான். ஒல்லியானவர்கள் பலர் "நான் நிறையச் சாப்பிடுகிறேன், உடம்பில் ஒட்டவில்லை" என்பார்கள். ஒரு வாரம் எழுதிவைத்துப் பாருங்கள், ஒருநாள் நிறையவும் மறுநாள் பாதியுமாக இருக்கும். உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 1.6 கிராம் புரதம் என்று கணக்கு வைத்தால், இப்போதைய 59 கிலோவுக்கு 95 கிராம் வேண்டும். ஐந்து முட்டையில் 30 கிராம், 100 கிராம் நிலக்கடலையில் 25, அரை லிட்டர் பாலில் 16, உலர்ந்த எடையில் 50 கிராம் சோயா உருண்டையில் 26. ஆச்சு, 97. சோறு, பருப்பு, சுண்டல், தயிர் எல்லாம் இதற்கு மேல். நிலக்கடலையை நான் விடவே மாட்டேன். 100 கிராமில் 560 கலோரிக்கு மேல் இருக்கிறது, வயிற்றை அடைப்பதும் குறைவு. இரவே ஊறவைத்துக் காலையில் கல்லுப்புப் போட்டு அவித்தால் எவ்வளவு வேண்டுமானாலும் இறங்கும். ஜிம்முக்குப் போகும் முன் இரண்டு கடலைமிட்டாய். 2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய கோவில்பட்டி மிட்டாய் கிடைத்தால் அதுதான். அந்த வெல்லப்பாகின் பதம் வேறு எங்கும் வருவதில்லை.

வே புரோட்டீன் என்கிற பால் புரதப் பொடி பற்றிக் கேட்பவர்களுக்கு: வசதிக்காக வாங்கலாம், அவசியம் என்று இல்லை. ஒருமுறை ஒரு கடையில் வாங்கிய டப்பாவில் பேட்ச் எண்ணும் இல்லை, இறக்குமதியாளர் பெயரும் இல்லை, தண்ணீரில் கலக்கினால் மாவாகத் திரண்டது. திருப்பிக் கொடுக்கப் போனால் வாங்க மாட்டேன் என்று சாதித்தார்கள். உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ கொடுக்கும் உரிம எண் 14 இலக்கம். டப்பாவில் அதைப் பார்க்காமல் காசை நீட்டாதீர்கள். அந்தக் காசுக்கு நாமக்கல் முட்டை எத்தனை அட்டை வரும் என்று நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. வலுவுக்கு எடுக்கும் கிரியேட்டின் மோனோஹைட்ரேட் பொடி மட்டும் தினம் 3 கிராம் எடுக்கிறேன். முதல் சில வாரங்களில் ஏறும் எடையில் கொஞ்சம் தண்ணீர்தான், அதைத் தசை என்று எண்ண வேண்டாம்.

பிளேட்டுக்கு ரெட் ஆக்சைடு அடித்து மேலே எனாமல் பூசவேண்டும் என்று வாங்கிவைத்தது அப்படியே இருக்கிறது. வியர்வைக் கை பட்டு ஓரத்தில் துரு தலைகாட்டுகிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை உப்புத்தாள் போட்டு முடித்துவிட வேண்டும். பூச்சில் இரண்டு மூன்று கிராம் ஏறும், பரவாயில்லை.

அதற்குள் மனசு அடுத்ததுக்குப் போய்விட்டது. கம்பியில் தொங்கி உடம்பை மேலே இழுக்கும் புல் அப் இப்போது ஏழு வருகிறது. இடுப்பு பெல்ட்டில் சங்கிலி கோத்து, இதே பிளேட்டுகளை அதில் தொங்கவிட்டால் அங்கேயும் அரை அரைக் கிலோவாக ஏற்றலாம். ஓட்டை 52 மி.மீ. என்பதால் சங்கிலி தாராளமாக நுழையும். பெஞ்ச் பிரஸ்ஸும் 50-ல் தயங்க ஆரம்பித்திருக்கிறது, வரும் வாரம் முதல் அதற்கும் இந்த பிளேட்டுகள்தான். ஜிம்மில் இன்னும் இரண்டு பேர் தங்களுக்கும் ஒரு செட் வேண்டும் என்று கேட்கிறார்கள். பட்டறை அண்ணனிடம் பேசியாயிற்று. ரவுண்டு பார் துண்டு கிடைத்ததும் சொல்கிறேன் என்றிருக்கிறார், இந்த முறை கால் கிலோவை நேராக லேசருக்கே கொடுத்துவிடுவோம்.